தவ்வையும் திருமகளும்

அந்தி மயங்கும் வேளையில் தமிழகத்து இல்லங்கள் பலவற்றில் ஒரு சிறு சடங்கு இன்றும் நிகழ்கின்றது. கொல்லைக் கதவைச் சாத்துவர். வாயிற்கதவைத் திறந்து வைப்பர். அதன் பின்னரே விளக்கேற்றுவர். காரணம் வினவினால், வாயில் வழியே திருமகள் வருவாள் என்றும், கொல்லை வழியே மூதேவி நுழைந்துவிடலாகாது என்றும் கூறுவர். செல்வத்தை இல்லத்துக்கு அழைப்பதற்கென நம் முன்னோர் கைக்கொண்ட இத்தகைய வழக்கங்களின் வரலாற்றை இன்று உங்களோடு எண்ணிப் பார்க்க விரும்புகிறேன். இவற்றை மூடநம்பிக்கை என்று ஒதுக்குவாரும் உளர். முன்னோர் சொல் என்று அப்படியே காப்பாரும் உளர். இருசாராரும் கேட்க மறந்த வினா ஒன்றுண்டு. இவ்வழக்கங்கள் தொன்றுதொட்டு மாறாது வந்தவைதாமா என்பதே அது.

விளக்கேற்றும் வழக்கம் மிகப் பழையது என்பதில் ஐயமில்லை. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடை, கூதிர்க்கால மாலையில் மகளிர் இரும்பால் செய்த விளக்கில் திரி கொளுத்தி, நெல்லும் மலரும் தூவிக் கைதொழுத காட்சியைக் காட்டுகின்றது. முல்லைப்பாட்டிலோ, பெருமுது பெண்டிர் நாழியில் நெல்லும் முல்லை மலரும் கொண்டு சென்று, ஊர்ப்புறத்தே நற்சொல் கேட்டு நிற்கின்றனர். சிலப்பதிகாரத்தில் கண்ணகியின் மணவிழாவிலே மகளிர் ஏந்தி வருவன விளக்கும், கலங்களும், முளைப்பாலிகையும் ஆகும். நெல், மலர், விளக்கு, முளை என்னும் இந்நான்கும் இன்றும் நம் மங்கல நிகழ்ச்சிகளை விட்டு அகலவில்லை. இன்று நாம் வைக்கும் நிறைநாழி அப்பழைய நாழியின் வழியில் வந்ததென்றே நான் கருதுகிறேன்.

விளக்கு மாறவில்லை. ஆயின் மூதேவியின் வரலாறு முற்றிலும் வேறு. தவ்வை என்பது தமக்கையைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல். வடமொழியாளர் சேட்டை என்றனர். அதற்கும் மூத்தவள் என்பதே பொருள். பாற்கடலைக் கடைந்தபோது திருமகளுக்கு முன்னே தோன்றியவள் இவள் என்பது புராணம். மூதேவி என்னும் பெயரும் மூத்த தேவி என்று மட்டுமே பொருள்படுவது. இன்று வசைச்சொல்லாய்க் கேட்கும் இப்பெயர், ஒரு காலத்தில் தொழத்தக்க ஒரு தெய்வத்தின் பெயராய் இருந்தது.

இதற்குச் சான்று கல்லிலேயே உண்டு. மதுரையை அடுத்த திருப்பரங்குன்றத்தில் கி.பி. 773ஆம் ஆண்டைச் சேர்ந்த கல்வெட்டு ஒன்று உள்ளது. பாண்டியன் மாறஞ்சடையன் காலத்தில் உயர்பதவி வகித்த சாத்தன் கணபதி என்பான் அங்குத் திருக்கோயிலையும் குளத்தையும் திருத்தினான் என்றும், அவன் மனைவி நக்கன் கொற்றி துர்க்கைக்கும் சேட்டைக்கும் கோயில் எடுத்தாள் என்றும் அது தெரிவிக்கின்றது. செல்வமும் செல்வாக்கும் நிறைந்த குடும்பத் தலைவி ஒருத்தி, வறுமையின் உருவென்று கருதிய ஒருத்திக்குக் கோயில் எடுப்பாளோ? எடுக்கமாட்டாள். தன் குடி தழைக்க அருள்பவள் என்று நம்பியே எடுத்திருத்தல் வேண்டும். பல்லவர் எடுத்த காஞ்சிக் கைலாசநாதர் கோயிலிலும் இத்தெய்வத்தின் சிற்பம் இடம்பெற்றுள்ளது. பருத்த வயிறும், காக்கைக் கொடியும், துடைப்பமும் இவளுக்குரிய அடையாளங்கள். எருதுமுக மைந்தனும் ஒரு மகளும் இருமருங்கும் அமர்ந்திருக்க, தாய்மைக் கோலத்தில் இவள் வீற்றிருப்பாள்.

அக்காலத்தே மறுப்பும் எழாமலில்லை. தொண்டரடிப்பொடியாழ்வார் தம் திருமாலையில், சேட்டையின் மடியிலே செல்வத்தை எதிர்பார்த்திருப்போரைப் பார்த்து இரங்குகின்றார். அவர் மறுத்துரைத்ததே, மக்கள் செல்வம் வேண்டி அவளை வழிபட்டனர் என்பதற்குத் தக்க சான்றாகின்றது. அவருக்கு முன்னரே வள்ளுவர் வேறொரு நெறியில் நின்று பேசிவிட்டார். பொறாமை கொண்டவனைத் திருமகள் தன் தமக்கைக்குக் காட்டி அகல்வாள் என்பது 167ஆம் குறளின் கருத்து. சோம்பலில் மூத்தவள் உறைவாள், சோம்பலற்றவன் முயற்சியிலே தாமரையாள் உறைவாள் என்பது 617ஆம் குறளின் கருத்து. வள்ளுவர் இவ்விருவரையும் வாயிலிலும் கொல்லையிலும் தேடவில்லை. மாந்தரின் நெஞ்சிலும் செயலிலும் கண்டார்.

காலப்போக்கில் சேட்டை வழிபாடு அருகியது. ஏரிக்கரைகளிலும் வயல்வெளிகளிலும் பேணுவாரின்றிக் கிடந்த இவள் சிற்பங்கள் பல ஊர்களில் கண்டெடுக்கப்பட்டுள்ளன. கோயிலை இழந்த தெய்வம் இல்லத்துப் பேச்சிலே அச்சமாய் எஞ்சியது. அவள் கையில் அடையாளமாயிருந்த துடைப்பம், வருவோர் கண்ணிற் படாமல் மறைக்கப்படும் பொருளாயிற்று. விளக்கு வைத்தபின் வீடு பெருக்கலாகாது என்ற விதியையும் இதனோடு சேர்த்து எண்ணலாம். மங்கிய அகல் வெளிச்சத்தில் பெருக்கினால் சிறு நகையும் குப்பையோடு போய்விடும் என்று அதற்குப் பெரியோர் காரணம் கூறுவர். நம்பிக்கையும் நடைமுறை அறிவும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பது இத்தகைய இடங்களிலேதான்.

சொற்களைக் கையாள்வதிலும் இந்நுட்பம் உண்டு. அரிசியோ உப்போ தீர்ந்தால் ‘இல்லை’ என்று சொல்லாமல் ‘நிறைந்திருக்கிறது’ என்று சொல்லும் வழக்கம் என் பாட்டியாரிடம் இருந்தது. விளக்கை அணைத்தாள் என்று அவர் ஒருநாளும் சொல்லியதில்லை. குளிர வைத்தாள் என்றே சொல்லுவார். பானை வெறுமையாய் இருந்த நாளிலும் வாயில் வெறுமை வரலாகாது என்பது அவர் கொள்கை. வறுமையை மந்திரத்தால் விரட்ட இயலாதாயினும், மனம் தளராமல் நிற்க அச்சொல் துணை செய்தது என்பதை நான் மறுக்கமாட்டேன்.

இனி, இக்காலத்துக்கு வருவோம். அடுக்குமாடி வீடுகளில் கொல்லைக் கதவே இல்லை. மின்விளக்கைப் போட்டவுடன் கைகூப்புவோர் பலர். எறும்புக்கும் குருவிக்கும் உணவாகுமென அரிசி மாவினால் இட்ட கோலம், பல வாயில்களில் கல்மாவுக் கோலமாகி, சில இடங்களில் ஒட்டும் தாளாகவும் ஆகிவிட்டது. இம்மாற்றங்களைக் கண்டு நான் வருந்தவில்லை. வழக்கம் உயிரோடிருப்பதன் அடையாளமே மாற்றம். ஆயினும் எதை விடுவது, எதைக் கொள்வது என்பதில் நாம் கருத்தாயிருத்தல் வேண்டும். வடிவத்தை வைத்துக்கொண்டு ஈகையை விட்டுவிட்டால், கோலத்தில் எஞ்சுவது வெறும் கோடு மட்டுமே.

இன்னொன்றையும் சொல்லாதிருக்க இயலவில்லை. மூதேவி அச்சத்தின் சுமை பெரும்பாலும் பெண்கள் தலையிலேயே விழுந்தது. மணமாகி வந்தவள் அடியெடுத்து வைத்தபின் கணவன் தொழில் நொடித்தால், அவள் ‘வந்த வேளை’யைப் பழித்தனர். கணவனை இழந்தவள் எதிர்ப்பட்டால் சகுனம் பிழைத்தது என்றனர். கைம்பெண் மறுமணத்துக்குச் சட்டம் 1856ஆம் ஆண்டிலேயே இடந்தந்தது. ஆயின் மங்கல நிகழ்ச்சியில் அவளுக்கு முன்வரிசையில் இடந்தர இன்றும் தயங்கும் வீடுகள் உண்டு. முல்லைப்பாட்டில் நற்சொல் கேட்கச் சென்றவர் முதிய பெண்டிர் என்பதை இங்கே நினைவூட்ட விரும்புகிறேன். அவர்கள் வாயிலாகவே அன்று நன்மை நாடப்பட்டது. நக்கன் கொற்றியோ மூத்தவளுக்குக் கோயிலே எடுத்தாள். முதுமையையும் தனிமையையும் தீமையெனக் கொள்வது நம் தொன்மை அன்று. இடையிலே வந்து படிந்த மாசு அது.

ஆதலின் அன்பர்களே, மாலையில் விளக்கேற்றுங்கள். வாயிலைத் திறந்து வையுங்கள். கோலத்தில் ஒரு பிடி அரிசி மாவும் சேருங்கள். வீட்டில் மூத்தவள் ஒருத்தி இருந்தால், முதல் திரியை ஏற்ற அவளையே அழையுங்கள்.