ஊரறிய ஒரு மீட்பு, ஊரறியாமல் ஒரு மீட்பு

சோவியத் யூதர்களை வெளியே விடச் சொல்லி 1964 மே முதல் நாளில் நியூயார்க் மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். எட்டு ஆண்டுகள் கழித்து, டொராண்டோவின் இசையியலாளர் ஜூடி ஃபெல்ட் காரும் அவர் கணவரும் டமாஸ்கஸின் தலைமை ரபிக்கு ஒரு தந்தி அடித்தார்கள்: சமய நூல்கள் ஏதும் வேண்டுமா? முதலாவது, 1987 டிசம்பரில் சோவியத் தலைவர் கோர்பச்சோவ் வந்திறங்கும் முன்தினம் வாஷிங்டனில் சுமார் இரண்டரை லட்சம் பேரைத் திரட்டும் அளவுக்கு வளர்ந்தது. இரண்டாவது, வெளியேறத் தடை இருந்த சிரியாவிலிருந்து 3,228 யூதர்களை வெளியே கொண்டுவந்தது. அவர்களில் பலருக்குத் தம்மை மீட்டவர் யாரென்றே தெரியாது.

முழக்கம் துணிவு, மௌனம் தந்திரம் என்று பிரித்துவிடத் தோன்றும். ஆனால் வழியைத் தேர்ந்தவர்கள் மீட்டவர்கள் அல்லர், சிறைவைத்தவர்கள் என்றே எனக்குப் படுகிறது. மாஸ்கோவுக்கு அமெரிக்கக் கடனும் வணிகச் சலுகையும் தேவைப்பட்டன. ஆகவே வாஷிங்டனில் எழுந்த குரல் அங்கே எட்டியது. டமாஸ்கஸில் எட்டியது அதிகாரியின் கைக்குப் போன பணம். சோவியத் சிறையில் இருந்த ஷரான்ஸ்கியின் பெயரை உலகம் உச்சரிக்க உச்சரிக்க, அது அவருக்குக் கவசமாயிற்று. சிரியாவிலோ பெயர் வெளியே தெரிந்தால், பிணையாக நிறுத்தப்பட்ட உறவினருக்குத்தான் ஆபத்து.

இவ்வளவு விலகி நிற்கும் இரண்டும் விலை என்ற இடத்தில் சந்திக்கின்றன. வெளியேறுவோர் தம் படிப்புக்கேற்பப் பணம் கட்ட வேண்டுமென்று 1972இல் மாஸ்கோ வரி விதித்தது. வெளியேற விடாத நாட்டுக்கு வணிகச் சலுகை இல்லை என்று அமெரிக்காவின் ஜாக்சன்-வானிக் சட்டத் திருத்தம் பதில் விலை சொன்னது. டொராண்டோவில் நடந்ததும் பேரம்தான். அங்கே தலைக்கு இவ்வளவு என்று பேசினார்கள், வாஷிங்டனில் சட்டமாக எழுதினார்கள். 12ஆம் நூற்றாண்டில் கைதிகளை மீட்க நிதி கேட்டு எகிப்திலிருந்து கடிதம் எழுதிய யூத அறிஞர் மைமோனிடிஸுக்கு, இரண்டுமே பழக்கப்பட்ட வேலையாகத் தெரிந்திருக்கும்.

முழக்கம் எல்லா முறையும் வென்றுவிடவில்லை. 1973இல் சுமார் 35,000 பேர் வெளியேறிய சோவியத் நாட்டிலிருந்து, அந்தத் திருத்தம் சட்டமான 1975இல் வெளியேறியவர்கள் ஏறத்தாழ 13,000 பேர்தான். மௌனத்துக்கும் எல்லை இருந்தது: அது ஆட்களை மீட்டதே தவிர, கதவைத் திறக்கவில்லை. 1992 ஏப்ரலில் சிரிய அதிபர் அசாத் பயணத் தடையைத் தளர்த்தியதற்கு மாட்ரிட் அமைதி மாநாட்டுக்குப் பிந்தைய அரசியலும் அமெரிக்காவின் வெளிப்படையான அழுத்தமும் வேண்டியிருந்தன. முழக்கத்துக்குள்ளும் மௌனம் இருந்தது. இஸ்ரேலின் நாடிவ் அமைப்பு சுற்றுலாப் பயணிகள் என்ற பெயரில் ஆட்களை அனுப்பி, சோவியத் யூதர்களுக்கு நூல்களைச் சேர்த்தது. டொராண்டோ தந்தி தொடங்கியதும் நூல்களில்தானே!

போய்ச் சேர்ந்த இடங்களில்தான் விநோதம் உச்சத்துக்குப் போகிறது. இஸ்ரேலுக்கென்று விசா வாங்கிய சோவியத் யூதர்களில் பலர் வியன்னாவில் இறங்கியதும் அமெரிக்காவை நோக்கித் திரும்பினார்கள். இஸ்ரேலுக்குப் போகக்கூடாது என்ற நிபந்தனையோடு விடுவிக்கப்பட்ட சிரிய யூதர்கள் நியூயார்க்கில் இறங்கினார்கள். அவர்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் சத்தமில்லாமல் டெல் அவிவுக்கு விமானம் ஏறினார்கள். 1994இல் அவர்களுடைய தலைமை ரபி இஸ்ரேலில் வந்து இறங்கியபோதுதான் அந்தச் செய்தி வெளியே வந்தது.