பதிவேட்டில் பெயர் ஏறிய பின்: சென்னை மாகாணம் முதல் இன்று வரை மருத்துவர்களின் தொடர்கல்வி

மருத்துவக் கல்வி என்றதும் நம் விவாதம் பெரும்பாலும் வாசலிலேயே நின்றுவிடுகிறது. யாருக்கு இடம் கிடைத்தது, எந்தத் தேர்வின் வழியே கிடைத்தது, இவ்வாண்டு எத்தனை கல்லூரிகள் புதிதாக வந்தன என்பவை செய்தியாகின்றன. இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதில் ஒருவர் பட்டம் வாங்கிப் பதிவேட்டில் பெயர் ஏற்றிக்கொள்கிறார். அதன் பிறகு நாற்பது ஆண்டுகள் அவர் என்ன கற்றார், யாரிடம் கற்றார், கற்றதை யார் சோதித்தார் என்று கேட்பவர் குறைவு. சென்னை மாகாணத்திலும் பிறகு தமிழ்நாட்டிலும் இக்கேள்வி என்னவாயிற்று என்பதே இக்கட்டுரையின் பொருள். வாசலைக் காக்க அரசும் கவுன்சில்களும் எடுத்துக்கொண்ட அக்கறையில் சிறு பங்கைக்கூட உள்ளே சென்றவர்களின் கல்விக்குத் தரவில்லை என்பதும், உண்மையில் பலன் தந்த முயற்சிகளில் சில தொடர்கல்வி என்ற பெயரே இல்லாமல் நடந்தன என்பதும் என் வாதம்.

கீழ்ப்படிக்கு மட்டும் மறுதேர்வு

1835 பிப்ரவரி 2 அன்று ஆளுநர் சர் ஃபிரெடெரிக் ஆடம் சென்னையில் மருத்துவப் பள்ளியைத் திறந்துவைத்தார். கிழக்கிந்தியக் கம்பெனியின் படைக்கும் மருத்துவமனைகளுக்கும் வேண்டிய துணைப் பணியாளர்களை உருவாக்குவதே அதன் முதல் வேலை. 1850இல் அது கல்லூரியானது. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் அமைந்ததும் பட்டப்படிப்புக்கு வழி பிறந்தது. 1875இல் மேரி ஷார்லிப் உள்ளிட்ட நான்கு பெண்கள் அங்கே சேர்ந்தனர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்திய மருத்துவப் பணி ஏணிபோல் பல படிகளாகப் பிரிந்திருந்தது. உச்சியில் ஐ.எம்.எஸ். (இந்தியன் மெடிக்கல் சர்வீஸ்) அதிகாரிகள், நடுவில் பட்டதாரி அசிஸ்டன்ட் சர்ஜன்கள், அடியில் ஹாஸ்பிட்டல் அசிஸ்டன்ட்கள். கடைசி வகையினரே பின்னாளில் சப்-அசிஸ்டன்ட் சர்ஜன் எனப்பட்டனர். சிற்றூர் மருந்தகங்களை நடத்தியவர்கள் பெரும்பாலும் இவர்கள்தாம். இவர்கள் அடுத்த நிலைக்கு உயர ஏழாண்டுக்கு ஒருமுறை துறைத் தேர்வு எழுதித் தேற வேண்டியிருந்தது. பணியில் இருக்கும் மருத்துவரின் அறிவைக் குறித்த இடைவெளியில் மீண்டும் சோதிக்கும் முறை இந்த மண்ணில் அப்போதே இருந்தது என்பது நாம் மறந்துவிட்ட செய்தி. ஆனால் அது ஏணியின் அடியில் இருந்தவருக்கு மட்டுமே விதிக்கப்பட்டது. மேலே இருந்த ஐ.எம்.எஸ். அதிகாரி படிப்பு விடுப்பு எடுத்துக்கொண்டு பிரிட்டனுக்குப் போய்ப் புதிய முறைகளைக் கற்றுத் திரும்பலாம். கீழே இருந்தவருக்குத் தேர்வு, மேலே இருந்தவருக்கு விடுப்பு. தொடர்ந்து கற்பது ஒருவருக்குச் சோதனையாகவும் இன்னொருவருக்குச் சலுகையாகவும் அமைந்தது.

1914இன் சென்னை மருத்துவப் பதிவுச் சட்டம் தகுதி பெற்றவர்களுக்கென ஒரு பதிவேட்டை ஏற்படுத்தியது. போலி மருத்துவரையும் தேர்ந்தவரையும் பிரித்துக் காட்ட அது தேவைப்பட்டது; அந்த வேலையை அது செய்தது. எனினும் பதிவேட்டின் தர்க்கத்தை உற்றுப் பார்க்க வேண்டும். பெயர் ஏறுவதற்குத் தகுதி வேண்டும். பெயர் நீங்குவதற்கு மரணமோ ஒழுக்கக்கேடோ வேண்டும். அறிவு பழையதாகிவிட்டது என்பது நீக்கத்துக்குரிய காரணமாக எங்கும் இல்லை.

பட்டமா, லைசென்ஸா?

இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் கிராமங்களைத் தாங்கியவர்கள், பட்டம் இன்றி லைசென்ஸ் மட்டும் பெற்ற எல்.எம்.பி. டாக்டர்கள். ராயபுரத்தில் இயங்கிய மருத்துவப் பள்ளி இவர்களை உருவாக்கியது. அதுவே 1938இல் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியானது. வேலூரில் ஐடா ஸ்கடர் 1918இல் பெண்களுக்காகத் தொடங்கியதும் இதே எல்.எம்.பி. படிப்புத்தான். அது 1942இல் எம்.பி.பி.எஸ். கல்லூரியாக உயர்ந்தது.

இந்த உயர்வுகளுக்குப் பின்னால் லண்டனின் அழுத்தமும் உண்டு. இந்தியப் பட்டங்களை ஏற்பதா வேண்டாமா என்பதை பிரிட்டனின் பொது மருத்துவக் கவுன்சில் முடிவு செய்த காலம் அது. பேறுகாலப் பயிற்சி போதவில்லை என்பது அதன் நெடுநாள் குறை. ஆண் மாணவர்கள் பிரசவம் பார்ப்பதைக் குடும்பங்கள் விரும்பாத நாட்டில் அந்தக் குறை எளிதில் தீர்வதாக இல்லை. 1930இல் கவுன்சில் ஏற்பை விலக்கிக்கொண்டது. அதன் விளைவாக 1933இல் இந்திய மருத்துவக் கவுன்சில் சட்டம் வந்தது. புதிய கவுன்சிலின் பார்வைக்குள் பட்டதாரிகள் மட்டுமே வந்தனர். எல்.எம்.பி.க்கள் மாகாணப் பதிவேடுகளிலேயே விடப்பட்டனர்.

1946இல் நாட்டின் சுகாதார நிலையை ஆராய்ந்த போர் (Bhore) குழு அறிக்கை தந்தபோது நாட்டில் பதிவு பெற்ற மருத்துவர்களில் 17,654 பேர் பட்டதாரிகள். 29,870 பேர் எல்.எம்.பி. போன்ற லைசென்ஷியேட்கள். ஐவரில் மூவருக்கும் மேல் பட்டம் இல்லாதவர்கள். 'அடிப்படை மருத்துவர்' என்ற ஒரே வகை போதும், இரண்டாம் வகை வேண்டாம் என்று குழுவின் பெரும்பான்மை முடிவு செய்தது. கிராமத்துக்கு ஆள் கிடைக்காது என்று உறுப்பினர்கள் சிலர் மறுப்புக் குறிப்பு எழுதினர். தரம் என்ற அளவில் பெரும்பான்மையின் முடிவு சரி என்றே நினைக்கிறேன். ஏற்கெனவே பணியில் இருந்த முப்பதாயிரம் பேரை என்ன செய்வது என்பதில்தான் கோட்டை விட்டோம். பட்டம் பெற விரும்பிய லைசென்ஷியேட்களுக்குச் சுருக்கப்பட்ட எம்.பி.பி.எஸ். படிப்புகள் நடத்தப்பட்டன. நடுவயதில் கிளினிக்கை மூடிவிட்டு மாணவனாக மீண்டும் வார்டுக்குப் போக வசதி உள்ளவர்கள் போனார்கள். மற்றவர்கள் கற்றதை வைத்துக்கொண்டே கடைசிவரை வைத்தியம் பார்த்தார்கள்.

ரவுண்ட்ஸ், பாடநூல், மெடிக்கல் ரெப்

அமைப்பு தராததைப் பழக்கம் தந்தது. அதில் முதலிடம் ரவுண்ட்ஸுக்கு. சென்னைப் பொது மருத்துவமனையில் அறுவை மருத்துவர் ரங்காச்சாரி, மருத்துவப் பேராசிரியர் எம்.ஆர். குருசாமி முதலியார் போன்றோரின் பெயர் தலைமுறை தாண்டியும் பேசப்படுவது அவர்களின் கைராசிக்காக மட்டுமன்று. படுக்கையருகே நின்று கற்பித்ததற்காகவும்தான். நோயாளியின் கதையைக் கேட்டு, தொட்டு, தட்டி, ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பார்த்து, கேஸ் ஷீட்டில் எழுதி, உதவிப் பேராசிரியர் முன் ஹவுஸ் சர்ஜன் சொல்லி முடிப்பதற்குள் மூன்று கேள்விகளாவது வந்து விழும். 'லிவர் தட்டுப்படுகிறது என்கிறாய், எத்தனை விரற்கடை?' என்ற கேள்விக்கு முன்னால் எந்த மனப்பாடமும் நிற்காது. இந்தக் கல்வியின் குறை, அது மருத்துவமனை வாசலோடு முடிந்துவிடுவது.

வெளியே போனவருக்குத் துணை நூல். ஆ. இலட்சுமணசுவாமி முதலியாரின் மகப்பேறு மருத்துவ நூல் 1938இல் வந்தது. அவர் காலத்துக்குப் பிறகும் பலர் திருத்த, புதிய பதிப்புகளாக அது தொடர்ந்தது. மாகாணத்து மருத்துவருக்கு அந்நூலின் புதிய பதிப்பை வாங்குவது ஒருவகைத் தொடர்கல்வி.

நூல் வாங்காதவருக்கு மெடிக்கல் ரெப் இருந்தார், இருக்கிறார். ஓ.பி. முடியும்வரை பெஞ்சில் கழுத்துப்பட்டையோடு காத்திருந்து, உள்ளே சென்றதும் படங்கள் நிறைந்த மடிப்பு அட்டையைப் புரட்டி, இரண்டு நிமிடத்தில் ஒரு புதிய ஆன்டிபயாடிக்கின் பெருமையைச் சொல்லி, இரண்டு சாம்பிள் அட்டைகளை மேசையில் வைத்துவிட்டு நகரும் அந்த இளைஞரைச் சிற்றூர் மருத்துவரின் ஆசிரியர் என்று சொன்னால் யாருக்கும் பிடிக்காது. ஆனால் பல ஊர்களில் புதிய மருந்து பற்றிய முதல் தகவல் அவர் வழியாகத்தான் வந்தது. விற்க வந்தவரே கற்பிப்பவராகவும் இருந்ததன் விலையை நோயாளி கொடுத்தார்.

முப்பது மணி நேரம்

2002இல் இந்திய மருத்துவக் கவுன்சிலின் நடத்தை விதிகள், மருத்துவர் ஐந்தாண்டில் குறைந்தது 30 மணி நேரம் தொடர் மருத்துவக் கல்வியில் பங்கேற்க வேண்டும் என்றன. ஆண்டுக்கு ஆறு மணி நேரம். ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். அதையும் பதிவுப் புதுப்பித்தலோடு இணைப்பதில் மாநிலத்துக்கு மாநிலம் நடைமுறை மாறுபட்டது.

சி.எம்.இ. என்று எல்லாரும் சொல்லும் அந்த ஞாயிற்றுக்கிழமை எப்படி நடக்கிறது என்பது மருத்துவர் வீட்டார்க்குக்கூடத் தெரியும். ஹோட்டல் அரங்கு, வாசலில் பதிவு மேசை, கையில் ஒரு பையும் குறிப்பேடும், மேடையில் குத்துவிளக்கு, பொன்னாடை. இருட்டாக்கிய அரங்கில் பேச்சாளர் ஒவ்வொருவரும் அறுபது எழுபது ஸ்லைடுகள் காட்டுகிறார்கள். மதியம் பிரியாணி. பிற்பகல் அமர்வில் அரங்கு பாதி காலி. மாலையில் சான்றிதழ். மேடையில் ஒருவர் பேச, கீழே மற்றவர்கள் கேட்கும் இம்முறை மருத்துவரின் நடைமுறையை மாற்றுவதில்லை. கலந்துரையாடலும் செயல்முறைப் பயிற்சியும் சேர்ந்தால்தான் மாற்றம் வருகிறது என்று டேவிட் டேவிஸும் சக ஆய்வாளர்களும் 1999இலேயே அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் காட்டினர். மூன்றாண்டு கழித்து நாம் எழுதிய விதி மணிக் கணக்கை மட்டுமே கேட்டது.

மருந்து நிறுவனங்களிடமிருந்து பரிசும் பயணச் செலவும் பெறுவதை 2009 டிசம்பரில் கவுன்சில் தடை செய்தது. 2020இல் கவுன்சிலின் இடத்துக்குத் தேசிய மருத்துவ ஆணையம் வந்தது. 2023 ஆகஸ்டு தொடக்கத்தில் அது வெளியிட்ட விதிகள் தொடர்கல்விப் புள்ளிகளைப் பதிவுப் புதுப்பித்தலோடு இணைத்தன. மருந்து நிறுவனங்களின் ஆதரவில் நடக்கும் கருத்தரங்குகளுக்குச் செல்வதையும் விலக்கின. அதே மாதம் முடிவதற்குள் அவ்விதிகள் நிறுத்திவைக்கப்பட்டன. பிரிட்டனில் 2012 முதல் ஒவ்வொரு மருத்துவரும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை மறுமதிப்பீட்டுக்கு உட்படுகிறார்; ஹரோல்டு ஷிப்மேன் என்ற மருத்துவர் தம் நோயாளிகளையே கொன்றது வெளிப்பட்ட அதிர்ச்சி அதற்கு உந்துதல்களில் ஒன்று. அங்கும் அது தாள்வேலையாகிவிட்டது என்ற புலம்பல் உண்டு.

வேறு பெயரில் நடந்த கல்வி

தமிழ்நாட்டில் 1990களின் நடுவிலிருந்து ஒவ்வொரு தாய் மரணத்தையும் பதிந்து ஆராயும் வழக்கம் வேரூன்றியது. இறந்த பெண்ணின் வீட்டுக்குச் சென்று, வலி எப்போது தொடங்கியது, வண்டி எப்போது வந்தது, முதலில் எந்த மருத்துவமனைக்குப் போனார்கள், அங்கிருந்து எத்தனை மணிக்கு அனுப்பினார்கள் என்று விசாரிப்பார்கள். பிறகு மாவட்ட அளவில் கூட்டம். பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கு தொடங்கிய நேரத்துக்கும் ரத்தம் ஏற்றிய நேரத்துக்கும் இடைப்பட்ட இரண்டு மணி நேரம் எங்கே போனது என்ற கேள்விக்கு ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரும் மாவட்ட மருத்துவமனை மகப்பேறு மருத்துவரும் ஒரே அறையில் பதில் தேட வேண்டும். அன்று கற்றதை அவர்கள் ஆயுளுக்கும் மறக்க மாட்டார்கள். 2001-03இல் லட்சம் பிறப்புகளுக்கு 134 ஆக இருந்த மாநிலத்தின் தாய் மரண விகிதம் 2018-20இல் 54 ஆனது. 24 மணி நேரப் பிரசவ சேவை, 108 ஆம்புலன்ஸ், ரத்த வங்கிகள் என்று இதற்குக் காரணங்கள் பல. மரணங்களை ஆராயும் இந்தத் தணிக்கையும் அவற்றில் ஒன்று.

இதன் பலவீனத்தையும் சொல்லியாக வேண்டும். அதிகாரி தலைமை ஏற்கும் கூட்டத்தில் பாடம் கற்பதற்கும் பழி விழுவதற்கும் இடையிலான கோடு மெல்லியது. பயந்த மருத்துவர் அடுத்த முறை சிக்கலான கேஸைத் தொடாமலே மேலே அனுப்பிவிடுவார். கேரளத்தில் மகப்பேறு மருத்துவர் சங்கம் 2004இல் தொடங்கிய ஆய்வு, பெயர்களை நீக்கிவிட்டு மரணத்தை மட்டும் ஆராய்கிறது. இரண்டும் ஒன்றிடமிருந்து ஒன்று கற்க இடமுண்டு.

அரசுப் பணி மருத்துவர்களுக்கான முதுநிலை ஒதுக்கீடு இன்னொன்று. கிராமத்தில் சில ஆண்டு பணியாற்றியவருக்கு மேற்படிப்பில் பாதி இடம், படித்த பின் அரசு மருத்துவமனையில் பணி என்ற இந்த ஏற்பாடு தமிழகத்தின் மாவட்ட மருத்துவமனைகளுக்குச் சிறப்பு மருத்துவர்களைத் தந்தது. மத்திய விதிகளால் அது அடிபட்டபோது வழக்கும் போராட்டமும் வந்தன. 2019 அக்டோபர் வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில் இதுவும் ஒன்று. 2020 ஆகஸ்டு 31 அன்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு, இத்தகைய ஒதுக்கீட்டை வழங்க மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று தீர்ப்பளித்தது. அன்றைய ஐ.எம்.எஸ். அதிகாரியின் சலுகை ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரின் உரிமையாக மாற ஏறத்தாழ நூறாண்டு ஆயிற்று.

மூன்றாவது, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி 2006 முதல் நடத்தும் தொலைநிலைக் குடும்ப மருத்துவப் பட்டயம். எம்.பி.பி.எஸ். முடித்து ஊரில் கிளினிக் நடத்துபவர் அதை மூடாமலே, தம் நோயாளிகளை வைத்தே பாடங்களைப் படிக்கிறார்; இடையிடையே நேரடி வகுப்புக்கும் காணொளி வகுப்புக்கும் போகிறார். சுருக்கப் படிப்புக் காலத்தில் எல்.எம்.பி. மருத்துவருக்குக் கிடைக்காதது இதுவே.

இவற்றில் முதலாவதிலும் மூன்றாவதிலும் கற்பவரின் சொந்த நோயாளியே பாடம். இனி விதி எழுதுவோர் முப்பது மணி நேரக் கணக்கை விட்டுவிட்டு, ஐந்தாண்டில் தம் சொந்த கேஸ்களில் பத்தையாவது ஒவ்வொரு மருத்துவரும் சக மருத்துவர் முன், பெயர் வெளியிடாமல், தணிக்கைக்கு வைக்க வேண்டும் என்று எழுதட்டும். அதற்கு ஹோட்டல் அரங்கு தேவைப்படாது. மாவட்ட மருத்துவமனையின் கூட்ட அறையும் கேஸ் ஷீட்டுகளும் போதும்.