டீசல் விலையும் பெரிய ஊர்திகளும்: பாபநாசம் வட்டாரத்தின் வரலாறு

தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் செல்லும் சாலையில், ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஊர் பாபநாசம். இது தஞ்சாவூர் மாவட்டத்தின் வட்டத் தலைநகரங்களுள் ஒன்று. திருநெல்வேலி மாவட்டத்தில் பொருநைக் கரையில் உள்ள பாபநாசம் வேறு ஊர். குடமுருட்டி, அரசலாறு, திருமலைராஜன் ஆறு முதலிய காவிரிக் கிளையாறுகளால் வளம்பெறும் இவ்வட்டாரத்தின் முதன்மைப் பயிர் நெல். அந்த நெல்லுக்காக உழும் டிராக்டர், அறுக்கும் இயந்திரம், சுமக்கும் லாரி, ஊராரை ஏற்றிச் செல்லும் பேருந்து ஆகிய அனைத்தும் பெரும்பாலும் டீசலால் ஓடுகின்றன. டீசல் விலை எந்த நாளிலும் மாறக்கூடும். ஊர்தியின் வாடகையும் பயணக் கட்டணமும் அப்படி மாறுவதில்லை. இவ்விரண்டுக்கும் இடையே விழும் பள்ளத்தை யார் நிரப்புவது என்ற கேள்விக்குக் காலந்தோறும் கிடைத்த விடைகளே இவ்வட்டார ஊர்தி உரிமையாளர்களின் வரலாறு.

வைக்கோலில் ஓடிய வண்டிகள்

பாபநாசத்தை அடுத்த திருப்பாலைத்துறையில் பாலைவனநாதர் கோயில் உள்ளது. இக்கோயிலில் நாயக்கர் காலத்தில் கட்டப்பட்ட பழைய நெற்களஞ்சியம் ஒன்று இருக்கிறது. அது 3,000 கலம் நெல் கொள்ளும் எனக் கூறப்படுகிறது. இத்தகைய களஞ்சியங்களுக்கு நெல்லைக் கொண்டுவந்து சேர்த்தவை மாட்டுவண்டிகள். நெல் விளைந்த வயலிலேயே மாட்டுக்கு வேண்டிய வைக்கோலும் கிடைத்தது. வறட்சியிலும் வெள்ளத்திலும் வைக்கோலுக்குத் தட்டுப்பாடு வந்ததுண்டு. ஆனாலும், அதன் விலை வெளிநாட்டுச் சந்தையைப் பொறுத்ததாக இருக்கவில்லை. மாட்டின் இடத்துக்கு எந்திரம் வந்தபோதுதான் இந்த நிலை மாறியது.

பெட்ரோல் பங்கீடும் கரிப் பேருந்தும்

எரிபொருள் நெருக்கடியைத் தமிழ்நாட்டுப் பேருந்து உரிமையாளர்கள் முதன்முதலில் முழுமையாக உணர்ந்தது இரண்டாம் உலகப் போரின்போது. 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் வசமானது. பர்மாவிலிருந்து வந்துகொண்டிருந்த எண்ணெயும் அரிசியும் நின்றுபோயின. பெட்ரோல் பங்கீட்டு முறையில் அளந்து கொடுக்கப்பட்டது.

அப்போது கைகொடுத்தது கரிவாயு. பேருந்தில் உருளை வடிவக் கலன் ஒன்றைப் பொருத்தி, அதில் அடுப்புக்கரியைக் குறைந்த காற்றில் எரித்தனர். அதிலிருந்து வந்த வாயுவை வடிகட்டி எந்திரத்துக்குச் செலுத்தினர். மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட டி.வி.எஸ். நிறுவனம் இத்தகைய கலன்களைத் தயாரித்தது. கரிவாயுவில் எந்திரத்தின் வலிமை குறைந்தது. வண்டியைக் கிளப்புவதற்கு வெகுநேரம் முன்பே கரியை மூட்டிவைக்க வேண்டியிருந்தது. ஆயினும், பெட்ரோல் கிடைக்காத காலத்திலும் பேருந்துகள் ஓடின. அன்றைய சிக்கல் விலையைவிடத் தட்டுப்பாட்டையே சார்ந்தது. விலையே முதன்மைச் சிக்கலாக மாறியது பின்னாளில்.

அரசு சுமந்த காலம்

1972-ஆம் ஆண்டில் தனியார் பேருந்துத் தடங்கள் பல நாட்டுடைமையாக்கப்பட்டன. கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்டு சோழன் போக்குவரத்துக் கழகம் தொடங்கப்பட்டது. இன்றைய தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் கும்பகோணம் கோட்டம் அதன் வழிவந்ததே. இதனால் இவ்வட்டாரத்தில் பெரிய ஊர்திகளை மிகுதியாக வைத்திருக்கும் உரிமையாளராக அரசே ஆனது.

மறு ஆண்டே, 1973 அக்டோபரில், அரபு–இஸ்ரேல் போரையொட்டி எண்ணெய் நெருக்கடி ஏற்பட்டது. பீப்பாய்க்கு 3 டாலர் அளவில் இருந்த கச்சா எண்ணெய் விலை, சில மாதங்களில் 12 டாலரை நெருங்கியது. இந்தியாவில் பெட்ரோல் விலை உயர்த்தப்பட்டதைக் கண்டித்து, அந்த நவம்பரில் அடல் பிகாரி வாஜ்பாய் நாடாளுமன்றத்துக்கு மாட்டுவண்டியில் வந்தார்.

அடுத்த முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பெட்ரோல், டீசல் விலைகளைப் பெரும்பாலும் நடுவண் அரசே உறுதிசெய்தது. உழவும் சரக்குப் போக்குவரத்தும் டீசலைச் சார்ந்திருந்ததால் அதன் விலை பெட்ரோலைவிடக் குறைவாக வைக்கப்பட்டது. உலகச் சந்தையின் ஏற்றத்தில் ஒரு பகுதியை அரசும் எண்ணெய் நிறுவனங்களும் ஏற்றன. விலை உயரும்போது போராட்டங்கள் நடந்தன. எனினும், ஓர் உயர்வுக்கும் அடுத்த உயர்வுக்கும் இடையே பல மாதங்கள் கிடைத்தன. வாடகை பேச உரிமையாளருக்கு அந்த அவகாசம் உதவியது.

சுமை கைமாறியது

2002 ஏப்ரலில் அரசின் விலை நிர்வாக முறை கைவிடப்படுவதாக அறிவிக்கப்பட்டது. நடைமுறையில் அரசின் தலையீடு தொடர்ந்தது. 2010 ஜூனில் பெட்ரோல் விலையை உறுதிசெய்யும் உரிமை எண்ணெய் நிறுவனங்களுக்கு வழங்கப்பட்டது. டீசலுக்கு அது படிப்படியாக வந்தது.

2013 ஜனவரியில், சில்லறை டீசலின் விலையை மாதந்தோறும் சிறிது சிறிதாக உயர்த்த அனுமதி அளிக்கப்பட்டது. மொத்தமாக வாங்குவோருக்கு மானியம் நிறுத்தப்பட்டது. அதனால் போக்குவரத்துக் கழகங்கள் சில்லறை விலையைவிட லிட்டருக்கு ஏறத்தாழ 10 ரூபாய் கூடுதலாகக் கொடுக்க நேர்ந்தது. அரசுப் பேருந்துகள் பணிமனையில் நிரப்புவதை விட்டு, வெளியே உள்ள பங்குகளில் வரிசையில் நின்றன. 2022 மார்ச்சில் மொத்த விலை மீண்டும் பெரிதும் உயர்ந்தபோதும் இதே காட்சி திரும்பியது.

2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாடு முழுமையாக நீக்கப்பட்டது. 2017 ஜூன் 16 முதல் நாள்தோறும் விலையை மாற்றும் முறை நாடெங்கும் வந்தது. அடுத்த மாதமே சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தபோது, டீசல் அதற்கு வெளியே வைக்கப்பட்டது. டீசலை அவ்வரிக்குள் கொண்டுவர வேண்டும் என்பது 2018 ஜூலையில் எட்டு நாள் நடந்த நாடு தழுவிய லாரி வேலைநிறுத்தத்தின் முக்கியக் கோரிக்கைகளுள் ஒன்று.

2020 முதல் 2022 வரை

டீசல் விலையில் வரிக்கு உள்ள பங்கை 2020-ஆம் ஆண்டு தெளிவாகக் காட்டியது. கொரோனா முடக்கத்தால் கச்சா எண்ணெய் விலை சரிந்திருந்தபோது, நடுவண் அரசு மே 6 முதல் டீசல் மீதான வரியை லிட்டருக்கு 13 ரூபாய் உயர்த்தியது. தமிழ்நாடு அரசும் அதே மாதத் தொடக்கத்தில் மதிப்புக்கூட்டு வரியைக் கூட்டியது. அதனால் டீசல் லிட்டருக்கு 2.50 ரூபாய் ஏறியது. உலகச் சந்தையின் சரிவு பங்குக்கு வந்து சேரவில்லை.

ஜூன் 7 முதல் மூன்று வாரங்களுக்கு டீசல் விலை ஏறத்தாழ நாள்தோறும் உயர்ந்தது. அதே ஜூன் 12 அன்று, எட்டு ஆண்டுகளுக்குப் பின், மேட்டூர் அணை உரிய நாளில் திறக்கப்பட்டது. காவிரிப் படுகையில் குறுவை உழவு மும்முரமாக நடந்த நாள்களில் டிராக்டருக்கான செலவு ஒவ்வொரு காலையும் ஏறிக்கொண்டிருந்தது.

2021 அக்டோபரில் தமிழ்நாட்டில் டீசல் லிட்டர் 100 ரூபாயைத் தாண்டியது. நவம்பர் 4 அன்று நடுவண் வரியில் 10 ரூபாய் குறைக்கப்பட்டது. உக்ரைன் போருக்குப் பின், 2022 மார்ச் 22 முதல் ஏப்ரல் 6 வரையிலான பதினாறு நாள்களில் அந்தப் பத்து ரூபாயும் திரும்ப ஏறிவிட்டது. மே மாதத்தில் வரி 6 ரூபாய் குறைக்கப்பட்டது. 2024 மார்ச்சில் மேலும் ஏறத்தாழ 2 ரூபாய் குறைந்தது.

உரிமையாளரின் கணக்கு

லிட்டருக்கு 4 கிலோமீட்டர் தரும் லாரி ஒன்று, நாளொன்றுக்கு 300 கிலோமீட்டர் ஓடுவதாகக் கொள்வோம். அதற்கு 75 லிட்டர் டீசல் வேண்டும். விலை 10 ரூபாய் ஏறினால் செலவு 750 ரூபாய் கூடும். மணிக்கு 8 லிட்டர் குடிக்கும் அறுவடை இயந்திரம் பத்து மணி நேரம் வேலை செய்தால், கூடும் செலவு 800 ரூபாய். இந்தத் தொகையை வாடகையில் சேர்க்க முடியுமா என்பது ஊர்திக்கு ஊர்தி வேறுபடும்.

கொள்முதல் நிலையங்களிலிருந்து கிடங்குகளுக்கு நெல் ஏற்றும் லாரிகளுக்கு ஒப்பந்தத்தில் வாடகை பேசப்பட்டிருக்கும். இடையில் டீசல் விலை ஏறினால் உரிமையாளருக்கு மிஞ்சுவது குறையும். கட்டுப்படியாகாத நிலையில் லாரி வராமல் நின்றால், கொள்முதல் நிலையத்தில் மூட்டைகள் தேங்கும். தார்ப்பாய் மூடிய அடுக்கின் மேல் மழை பெய்தால் நெல் நனையும். அப்போது உரிமையாளரின் இழப்பு உழவருக்கும் அரசுக்கும் இழப்பாகிவிடுகிறது.

அறுவடை இயந்திரத்தின் நிலை வேறு. சம்பா, தாளடி அறுவடைக்கு வெளி மாவட்டங்களிலிருந்தும் இயந்திரங்கள் காவிரிப் படுகைக்கு வருகின்றன. பெரும்பாலானவை கடனில் வாங்கப்பட்டவை. தவணை மாதந்தோறும் வரும். அறுவடையோ சில வாரங்களில் முடிந்துவிடும். எனவே டீசல் உயர்வை உரிமையாளர் மணி வாடகையில் சேர்க்கிறார். மழையில் சாய்ந்த பயிரை அறுக்க நேரம் கூடுதலாகும் என்பதால், வாடகை உயர்வு உழவரை மேலும் அழுத்துகிறது. மாவட்ட நிர்வாகம் இரு தரப்பையும் அழைத்துப் பேசி மணி வாடகையை அறிவிப்பது இதனால்தான். டீசல் இறங்கும்போது வாடகை இறங்குவதில்லை என்பது உழவர்களின் குறை. டயர், உதிரிபாகம், காப்பீடு, ஓட்டுநர் ஊதியம் எதுவும் இறங்கவில்லையே என்பது உரிமையாளர்களின் மறுமொழி. இரண்டிலும் உண்மை இருக்கிறது.

பேருந்துக் கட்டணம் அரசின் கையில் உள்ளது. 2011 நவம்பருக்குப் பின் 2018 ஜனவரியில்தான் அது உயர்த்தப்பட்டது. எதிர்ப்பு எழுந்ததால் சில நாள்களிலேயே ஓரளவு குறைக்கவும்பட்டது. டீசல் 100 ரூபாயைத் தாண்டிய 2021-இல் கட்டணம் மாறவில்லை. அரசுக் கழகத்தின் இழப்பைக் கருவூலம் ஓரளவு தாங்கும். அதே தடத்தில், அதே கட்டணத்தில் ஓட்டும் தனியார் உரிமையாளருக்கு அத்தகைய தாங்கல் இல்லை.

இன்று பாபநாசம் வட்டாரத்தில் உயரும் டீசல் விலையை லாரி உரிமையாளர் தம் வருவாயிலிருந்து கொடுக்கிறார். அறுவடைக்கான உயர்வை உழவர் கொடுக்கிறார். அரசுப் பேருந்துக்கான உயர்வை வரி செலுத்துவோர் கொடுக்கிறார்கள். டீசல் விலை ஏறினாலும் இறங்கினாலும் வாடகையும் அதற்கேற்ப மாறும் என்ற விதியைப் பெரிய நிறுவனங்கள் தம் சரக்கு ஒப்பந்தங்களில் எழுதிவைப்பதுண்டு. வரப்பில் நின்று வாய்ப்பேச்சாக முடிக்கும் ஒப்பந்தத்தில் அந்த விதி இருப்பதில்லை. ஒரு லாரி அல்லது ஓர் இயந்திரத்தை மட்டும் நம்பி வாழும் உரிமையாளர், டீசல் ஏறும் ஒவ்வொரு முறையும் மீண்டும் முதலிலிருந்து பேசவேண்டியிருப்பது இதனால்தான்.