கவலையும் இனிப்புநீரும்



எங்கள் பெரியப்பா காலமானபோது பெரியம்மாவுக்கு இனிப்புநீர் கண்டு நான்கைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்நாளில் இரத்தத்தைச் சோதிக்கும் கருவி வீடுகளில் கிடையாது. கண்ணாடிக் குழாயில் பெனடிக்ட் கரைசல் என்னும் நீலநிற மருந்தை ஊற்றி, எட்டுச் சொட்டுச் சிறுநீர் விட்டுச் சூடாக்குவார்கள். நீலம் மாறாதிருந்தால் சர்க்கரை இல்லை என்று பொருள். பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என மாறிச் செங்கல் நிறத்துக்கு வந்துவிட்டால் சர்க்கரை மிகுதி.

கருமாதி முடிந்த மறுநாள், தோட்டத்து மருந்தகத்தில் பெரியம்மாவின் குழாய் செங்கல் நிறமாயிற்று. “ஏம்மா, துக்க வீட்டிலுமா இனிப்பு?” என்று அங்கிருந்தவர் கேட்டுவிட்டார். பெரியம்மா ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும் சீனி டின்னை என் அக்காவிடம் கொடுத்து, “இதை எங்கேயாவது பூட்டி வைம்மா” என்றார். அந்தப் பதினாறு நாளும் அவர் சீனி போடாத தேத்தண்ணீரைத்தான் குடித்தார், அதுவும் பாதிக் குவளைதான் என்பதை உடனிருந்த நாங்கள் அறிவோம். இருந்தும் எங்களுள் சிலருக்கே ஐயம் வந்துவிட்டது.

சீனி தின்னாதவருக்குச் சீனி எங்கிருந்து வந்தது? இந்தக் கேள்விக்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு.

இங்கிலாந்து மருத்துவர் தாமஸ் வில்லிஸ் 1674-இல் வெளியான தம் நூலில், நீரிழிவு நோயாளியின் சிறுநீர் தேன் கலந்தது போல் இனிக்கிறது என்று எழுதினார். சுவைத்துப் பார்த்தே எழுதினார்! அந்நோய்க்கு அவர் கூறிய காரணங்களுள் நெடுநாள் துயரமும் ஒன்று. ஆயினும் துயரம் எந்த வழியாகச் சிறுநீரில் இனிப்பாகிறது என்பதை அவரால் சொல்ல இயலவில்லை. அந்த இனிப்பு சர்க்கரையே என்பதை லிவர்பூல் மருத்துவர் மேத்யூ டாப்சன் 1776-இல் காட்டினார். அதற்குப் பின்னும் எல்லோரும் சர்க்கரையைத் தேடியது நோயாளியின் உணவுத் தட்டில்தான்.

அந்த எண்ணத்தைத் தகர்த்தவர் பிரான்சு நாட்டின் கிளாடு பெர்னார்டு. விலங்குகளுக்கு இறைச்சி மட்டுமே கொடுத்து வளர்த்த பிறகும், அவற்றின் கல்லீரலிலிருந்து வெளிவரும் இரத்தத்தில் சர்க்கரை இருப்பதை அவர் 1848-இல் கண்டார். அப்படியானால் உடல் தானே சர்க்கரை செய்கிறது! மறு ஆண்டு இன்னும் வியப்பான ஒன்றைச் செய்தார். ஒரு முயலின் மூளையின் அடிப்பகுதியில், குறிப்பிட்ட ஓரிடத்தில் ஊசியால் குத்தினார். சிறிது நேரத்தில் முயலின் சிறுநீரில் சர்க்கரை வந்தது. நோயில்லாத முயல், இனிப்புத் தின்னாத முயல். மூளையிலிருந்து ஓர் ஆணை போனால் கல்லீரல் தன் களஞ்சியத்தைத் திறந்துவிடுகிறது என்பது அப்போதுதான் தெரிந்தது. களஞ்சியத்தில் இருக்கும் பொருள் கிளைக்கோஜன் என்பதையும் 1857-இல் அவரே பிரித்தெடுத்துக் காட்டினார்.

அந்த ஆணையை எடுத்துச் செல்லும் தூதர்களுள் ஒன்று, சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல் அமர்ந்திருக்கும் சிறு சுரப்பிகளிலிருந்து புறப்படும் அட்ரினலின். அச்சுரப்பிகளின் சாற்றை ஊசி மூலம் செலுத்தினால் சிறுநீரில் சர்க்கரை தோன்றுகிறது என்பது 1901-இல் வெளியாயிற்று.

ஊசியும் வேண்டாம், சாறும் வேண்டாம், வெறும் அச்சமே போதும் என்று நிறுவியவர் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் வால்டர் கேனன். 1911-இல் அவரும் உடன் உழைத்தவர்களும் பூனைகளைக் கட்டிவைத்துப் பார்த்தனர். கூண்டிலிருந்த பூனையின் அருகே நாயைக் குரைக்கவும் விட்டனர். மிரண்ட பூனைகளின் சிறுநீரில் சர்க்கரை வந்தது. அட்ரினல் சுரப்பிகளை நீக்கிய பூனைகளைக் கட்டிவைத்தபோது வரவில்லை. (இன்று இத்தகைய சோதனைக்கு எளிதில் அனுமதி கிடைக்காது, அதுவும் நல்லதே.)

பூனைக்கு உள்ளது மனிதனுக்கும் உண்டா? மருத்துவ மாணவர் ஒன்பது பேரைச் சோதித்தார்கள். கடினமான தேர்வு எழுதியபின் நால்வருக்குச் சிறுநீரில் சர்க்கரை; எளிதான தேர்வுக்குப் பின் ஒருவருக்கு மட்டுமே. 1913-இல் பல்கலைக்கழகக் கால்பந்துக் குழுவின் கடைசிப் பந்தயம் முடிந்தவுடன் 25 ஆட்டக்காரர்களைச் சோதித்தனர். 12 பேருக்குச் சர்க்கரை இருந்தது. அந்தப் பன்னிருவரில் ஐவர் ஆடவே இல்லை! மாற்று ஆட்டக்காரர்களாக ஓரத்தில் உட்கார்ந்து, தம்மை அழைப்பார்களா என்று காத்திருந்தவர்கள். அவர்கள் ஓடவில்லை, உதைக்கவில்லை. நெஞ்சு படபடத்தது, அவ்வளவே.

புலியைக் கண்டு ஓடுகிறவனுக்கு அந்தச் சர்க்கரை தேவை. தசைகள் அதை எரித்துவிடும். நாற்காலியில் அமர்ந்து கடன் கணக்கை எண்ணிக் கலங்குகிறவருக்கு அதே சர்க்கரை இரத்தத்திலேயே தங்குகிறது. நலமாக உள்ளவருக்கு, பரபரப்பு அடங்கியதும் கணையம் இன்சுலினைச் சுரந்து அதைச் சமன் செய்துவிடும். இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவரின் நிலை வேறு. இவர்களுள் பலருக்கு இன்சுலின் இருந்தும் உடல் அதன் சொல்லைச் சரிவரக் கேட்பதில்லை. இந்த வேறுபாட்டை லண்டன் மருத்துவர் ஹெரால்டு ஹிம்ஸ்வொர்த் 1936-இல் பிரித்துக் காட்டினார். ஏற்கெனவே சொல் கேளாத உடலில் அட்ரினலின் வந்து, கணையத்தின் சுரப்பையும் அந்நேரத்தில் அடக்குகிறது. கவலை நாட்கணக்கில் நீண்டால் கார்ட்டிசால் என்னும் மற்றொரு சுரப்பு சேர்ந்து, கல்லீரலைப் புதிதாகச் சர்க்கரை செய்யத் தூண்டுகிறது. இன்சுலினின் சொல் இன்னும் எடுபடாமல் போகிறது. துக்கம், வேலையிழப்பு, காய்ச்சல், அறுவை சிகிச்சை யாவும் உடலுக்கு இவ்வகையில் ஒன்றே.

இந்த உண்மைகள் ஆய்வுக்கூடத்திலிருந்து நோயாளியின் வீட்டுக்கு வர ஏன் இத்தனை காலம் ஆயிற்று? இரண்டு காரணங்கள் என் மனத்தில் படுகின்றன. 1922-இல் இன்சுலின் முதன்முதலாக நோயாளிக்குச் செலுத்தப்பட்டபின், மருத்துவர்களின் கவனம் முழுதும் மருந்தின் அளவிலும் உணவின் அளவிலும் சென்றுவிட்டது, அது இயற்கையே. மற்றொன்று, 1930-களில் சில மனநல மருத்துவர்கள் எதிர்ப்பக்கம் வெகுதூரம் போய், இன்ன குணமுடையவர்களுக்கே நீரிழிவு வருகிறது என்று எழுதினர். அது மெய்ப்பிக்கப்படவில்லை. ஆனால் நோயாளியின் மேல் பழி சுமத்த இன்னொரு வழியாயிற்று. முன்பு நாக்கைக் குறை கூறினார்கள், பின்பு குணத்தைக் குறை கூறினார்கள்.

கவலையைக் குறைக்கும் பயிற்சியால் சர்க்கரை குறையுமா என்பதையும் முறையாகச் சோதித்திருக்கிறார்கள். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்டு சர்விட் குழுவினர் 2002-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். இரண்டாம் வகை நீரிழிவு உள்ள 108 பேரை இரு பிரிவாக்கினர். இரு பிரிவினருக்கும் நோயைப் பற்றிய ஐந்து வகுப்புகள். ஒரு பிரிவினருக்கு மட்டும் அத்துடன் தசைகளை ஒவ்வொன்றாக இறுக்கித் தளர்த்துதல், மூச்சை நிதானப்படுத்துதல் போன்ற பயிற்சிகள். இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.ஒன்.சி. சோதனையில், ஓராண்டின் முடிவில் பயிற்சி பெற்றவர்களுக்கு ஏறத்தாழ அரை விழுக்காடு நன்மை தெரிந்தது. அரை விழுக்காடு சிறிதல்ல. ஆனால் மருந்தைக் கைவிடச் சொல்லும் அளவுக்குப் பெரிதுமல்ல.

ஆகவே வீட்டில் துக்கமோ நெருக்கடியோ வந்தால், வழக்கத்தைவிட அடிக்கடி சர்க்கரையைச் சோதியுங்கள். கைநடுக்கமும் வியர்வையும் கவலையாலும் வரும், சர்க்கரை மிகவும் தாழ்ந்தாலும் வரும். ஊகித்து முடிவு செய்யாமல் கருவியைப் பாருங்கள். மாத்திரையைத் தாமாகக் கூட்டவும் வேண்டாம், விடவும் வேண்டாம். சோற்றைத் தவிர்த்துவிட்டு மாத்திரையை மட்டும் விழுங்குவதும் ஆபத்து. சாப்பிட்டபின் ஒரு பத்து நிமிடம் வாசலிலாவது நடந்தால், தேங்கிய சர்க்கரையைத் தசைகள் எடுத்துக்கொள்ளும். அளவு தொடர்ந்து 15 மில்லிமோலுக்கு மேல் நின்றாலோ, வாந்தி, மயக்கம், அடங்காத தாகம் கண்டாலோ அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள். வாந்தி பேதியின்போது எந்த மாத்திரையைத் தற்காலிகமாக நிறுத்த வேண்டும் என்பதை அவரே சொல்ல வேண்டும்.

சர்க்கரை அளவைக் குறிக்கும் ஏட்டில், அந்த எண்ணுக்குப் பக்கத்தில் அன்று நடந்ததையும் இரண்டு சொல்லில் எழுதிவையுங்கள்: “காய்ச்சல்”, “மகன் வீட்டை விட்டுப் போனான்”, “தூக்கமில்லை”. மருத்துவர் அந்த ஏட்டைப் புரட்டும்போது, என்ன தின்றீர்கள் என்பதோடு, என்ன நேர்ந்தது என்றும் கேட்பார்.