நேயரின் குரல் கலையகத்துக்குள் வந்த கதை

"ஹலோ, யார் பேசுறீங்க? எங்க இருந்து பேசுறீங்க?"

வானொலி கேட்டு வளர்ந்த நமக்கு இந்தக் கேள்வி மிகவும் பழக்கமானது. மறுமுனையில் ஒரு நேயர் தன் பெயரையும் ஊரையும் சொல்வார். ஆனால் அவருடைய குரல் எப்படிக் கலையகத்துக்குள் வந்து, அறிவிப்பாளரின் குரலோடு சேர்ந்து, நாடு முழுவதும் போகிறது என்று யோசித்திருக்கிறோமா? ஃபோனை மைக்குக்குப் பக்கத்தில் பிடிப்பார்கள் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அதற்கென்று தனியான ஒரு கருவி இருக்கிறது. அந்தக் கருவிக்கு ஒரு நீண்ட வரலாறும் இருக்கிறது.

இப்போது நம் ஊர்ப் பிள்ளைகளும் இணைய வானொலி, நேரலை நிகழ்ச்சி என்று தொடங்குகிறார்கள். அவர்களுக்காகவும் கேட்கிற நமக்காகவும் இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாக வாசியுங்கள்.

நம் நாட்டில் வானொலி பிறந்த இடமே தந்தி அலுவலகம்தான். 1921இல் தந்தித் திணைக்களத்தின் பிரதம பொறியியலாளராக இலங்கைக்கு வந்த எட்வர்ட் ஹார்ப்பர், கொழும்பு மத்திய தந்தி அலுவலகத்தின் ஒரு சின்ன அறையிலிருந்து இசைத்தட்டுகளை ஒலிபரப்பிப் பரீட்சித்துப் பார்த்தார். 1925 டிசம்பர் 16ஆம் திகதி முறையான ஒலிபரப்பு ஆரம்பமானது. கம்பிவழிச் செய்தியும் வானொலியும் இங்கே ஒரே கூரையின் கீழ் இருந்தன.

இருந்தும் நேயரின் குரல் நெடுங்காலம் வானொலிக்குள் வரவில்லை. வானொலி பேசும், மக்கள் கேட்பார்கள். நேயருக்கு எதையாவது சொல்ல வேண்டுமென்றால் தபால் அட்டைதான். 1952இல் இலங்கை வானொலியில் அமீன் சயானி தொடங்கிய 'பினாக்கா கீத்மாலா' நிகழ்ச்சிக்கு இந்தியா முழுவதிலுமிருந்து கடிதங்கள் வந்து குவிந்தன. கடிதத்தில் வந்தது எழுத்து. அதை வாசித்த குரல் அறிவிப்பாளருடையது.

தொலைபேசிதான் இருந்ததே, ஏன் அதைப் பயன்படுத்தவில்லை? காரணம் தொலைபேசிக் கம்பியின் அமைப்பிலேயே இருக்கிறது.

கிரஹாம் பெல் 1876இல் காப்புரிமை பெற்ற தொலைபேசி, பின்னர் வீடுகளுக்கு ஒரு சோடிச் செப்புக் கம்பியில் வந்தது. நாம் பேசுவதும் மற்றவர் பேசுவதும் அதே ஒரு சோடியில்தான் போய் வருகின்றன. வீட்டில் பேசும்போது இதனால் தொல்லை இல்லை. கலையகத்தில் அப்படியில்லை. அறிவிப்பாளரின் குரல் மைக் வழியாக ஒலிபரப்புக்கு நேராகப் போகிறது. நேயருக்குக் கேட்பதற்காக அதே குரலைத் தொலைபேசிக் கம்பிக்குள்ளும் அனுப்ப வேண்டும். கம்பியிலிருந்து நேயரின் குரலை எடுக்கும்போது, உள்ளே அனுப்பிய அறிவிப்பாளரின் குரலும் சேர்ந்து திரும்பி வந்துவிடும். ஒரே குரல் இரண்டு தடவை. ஒன்று தெளிவாக, மற்றது தகரப் பீப்பாவுக்குள் இருந்து வருவது போல. சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினால் 'கூ' என்று ஊளையிடத் தொடங்கிவிடும்.

இதைத் தீர்க்க வந்த கருவிதான் ஹைபிரிட். தூர இடத் தொலைபேசி இணைப்புகளுக்காகத் தொலைபேசிப் பொறியியலாளர்கள் முன்பே கண்டுபிடித்து வைத்திருந்த ஒரு சுருள் அமைப்பு அது. ஒரு சோடிக் கம்பியில் கலந்து ஓடும் இரண்டு குரல்களையும் போவது வேறு, வருவது வேறு என்று பிரித்துத் தரும்.

இதைத் தராசு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தட்டில் தொலைபேசிக் கம்பி. மறு தட்டில் அந்தக் கம்பியைப் போலவே நடந்துகொள்ளும் ஒரு மின்சுற்று. இரண்டும் சரிசமமாக இருந்தால் அறிவிப்பாளரின் குரல் ரத்தாகி, நேயரின் குரல் மட்டும் மிஞ்சும். சிக்கல் என்னவென்றால் ஒவ்வொரு அழைப்பும் ஒவ்வொரு நிறை. பக்கத்துத் தெருவிலிருந்து வரும் அழைப்பும் நூறு மைல் தள்ளி வரும் அழைப்பும் ஒன்றல்ல. படிக்கல் ஒன்றுதான். எனவே தராசு எப்போதும் கொஞ்சம் சாய்ந்தே நிற்கும்.

அமெரிக்காவில் ஆரம்ப காலத்தில், அழைப்பவர் சொல்வதை அறிவிப்பாளர் காதால் கேட்டுத் தன் வாயால் திருப்பிச் சொல்வார். 1945இல் நியூயோர்க் அறிவிப்பாளர் பெரி கிரே, இசைக்குழுத் தலைவர் வூடி ஹேர்மனின் அழைப்பு வந்தபோது தொலைபேசியைத் தூக்கி மைக்கின் முன் பிடித்தார் என்று ஒரு கதை சொல்லப்படுகிறது. நம் பிள்ளைகள் இன்று கைப்பேசியை வைத்துச் செய்வதும் அதைத்தான்.

நேயர் நேரடியாகப் பேச வந்தபோது புதிய பயம் ஒன்றும் வந்தது. அவர் ஏதாவது கெட்ட வார்த்தை சொல்லிவிட்டால்? 1950களில் பென்சில்வேனியாவின் அலன்டவுன் நகர வானொலி நிலையமொன்றில், ஒலியை நாடாவில் பதிந்து சில வினாடிகள் தாமதித்து வெளியே விடும் முறையை உருவாக்கினார்கள். வேண்டாத சொல் வந்தால் அது வெளியே போவதற்குள் வெட்டிவிடலாம். "ரேடியோவ கொஞ்சம் கொறச்சிக்கொள்ளுங்க" என்று அறிவிப்பாளர் கேட்பதற்கு ஒரு காரணம் இந்தத் தாமதம். சில வினாடிகளுக்கு முன் தான் சொன்னது இப்போது காதில் விழுந்தால் யாருக்கும் பேச்சு தடுமாறும். நேயரின் வானொலிச் சத்தம் தொலைபேசி வழியாக மறுபடியும் கலையகத்துக்குள் வருவது இன்னொரு காரணம்.

பிரித்தானியாவில் 1968இல் பிபிசியின் நொட்டிங்ஹம் உள்ளூர் வானொலி, நேயர்கள் தொலைபேசியில் பேசும் நிகழ்ச்சியை ஆரம்பித்தது. 1970இல் ரேடியோ 4இல் ரொபின் டே நடத்திய நிகழ்ச்சியில் சாதாரண மக்கள் அரசியல் தலைவர்களையே நேரடியாகக் கேள்வி கேட்டார்கள். கேட்டுக்கொண்டிருந்த மக்கள் கேள்வி கேட்கும் மக்களாக மாறினார்கள்.

ஆனால் ஒரு விடயத்தைக் கவனியுங்கள். நேயருக்கு வாசல் திறந்தது, சம இருக்கை கிடைக்கவில்லை. பழைய கருவிகள் பலவற்றில் ஊளைச் சத்தத்தைத் தடுக்க ஒரு குறுக்குவழி இருந்தது. அறிவிப்பாளர் வாயைத் திறந்தால் நேயரின் குரல் தானாக அமுங்கிவிடும் அல்லது முற்றாக வெட்டுப்படும். விவாதம் சூடுபிடிக்கும் நேரம் பார்த்து நேயர் காணாமல் போவார். கேட்பவர்களுக்கு நேயர் பதில் இல்லாமல் வாயடைத்துப் போனது போலத் தெரியும். அவர் அங்கே பேசிக்கொண்டுதான் இருந்திருப்பார். கருவிதான் அவரை மறித்தது.

1980களின் நடுப்பகுதியில் இந்த நிலை மாறத் தொடங்கியது. அமெரிக்காவின் ஸ்டீவ் சேர்ச் வானொலிப் பொறியியலாளர் மட்டுமல்ல, நிகழ்ச்சி நடத்தியவரும்கூட. இரண்டு பக்கத்துத் தொல்லையும் அறிந்தவர். அவருடைய டெலோஸ் நிறுவனம் டிஜிட்டல் ஹைபிரிட்டைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு அழைப்பின் தன்மையையும் கணித்து, தராசின் படிக்கல்லைத் தானே மாற்றிக்கொள்ளும் கருவி அது. முதல் தடவையாக இருவரும் ஒரே நேரத்தில் பேசினாலும் இருவரும் தெளிவாகக் கேட்டார்கள்.

பின்னர் ஐ.எஸ்.டி.என். என்ற டிஜிட்டல் தொலைபேசி இணைப்பு வந்தது. 1990களில் நிருபர்களும் விளையாட்டு வர்ணனையாளர்களும் அதன் வழியாகக் கலையகத்தில் இருப்பது போன்ற தெளிவுடன் பேசினார்கள். ஆனால் அது செலவு கூடியது, நிலையங்களுக்கு மட்டுமே கட்டுப்படியானது. வீட்டிலிருந்து அழைக்கும் நேயருக்குப் பழைய செப்புக் கம்பிதான்.

அதே காலத்தில் நம் நாட்டிலும் ஒரு முக்கியமான பரீட்சார்த்தம் நடந்தது. 1989இல் ஆரம்பமான கொத்மலை சமூக வானொலி, 1990களின் இறுதியில் யுனெஸ்கோவின் உதவியுடன் இணைய இணைப்பைப் பெற்றது. கணினியையே கண்டிராத கிராமத்து மக்கள் தங்கள் கேள்விகளை அனுப்பினார்கள். அறிவிப்பாளர்கள் இணையத்தில் பதிலைத் தேடி, வானலையில் விளக்கினார்கள். இணையமும் வானொலியும் கைகோர்த்ததற்கு உலகம் எடுத்துக்காட்டிய உதாரணங்களில் கொத்மலையும் ஒன்று.

இணையத்தின் வழியே குரலை அனுப்பும் முயற்சி அதைவிடப் பழையது. 1974இலேயே அமெரிக்காவின் ஆர்ப்பாநெட் வலையமைப்பில் பேச்சைச் சிறு சிறு பொதிகளாக வெட்டி அனுப்பிப் பார்த்தார்கள். 1995இல் வொகல்டெக் நிறுவனம் சாதாரண கணினிக்கான இணையத் தொலைபேசி மென்பொருளை விற்பனைக்கு விட்டது. 1999இல் எஸ்.ஐ.பீ. என்ற பொது நெறிமுறை வெளியானது. ஓர் அழைப்பை எப்படி ஆரம்பிப்பது, எப்படி முடிப்பது என்று எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான ஒரு மொழி அது. அதே 1999இல் மார்க் ஸ்பென்சர் என்ற இளைஞர், தன் சிறிய நிறுவனத்துக்குத் தொலைபேசிப் பரிமாற்றி வாங்கக் காசு போதாமல், தானே ஒன்றை மென்பொருளாக எழுதினார். அதுதான் அஸ்டெரிஸ்க். அதை இலவசமாக உலகத்துக்கே திறந்தும் விட்டார். அலுமாரி அளவு இயந்திரம் செய்த வேலையை இன்று உள்ளங்கையளவு கணினி செய்கிறது.

இதைத்தான் வொய்ப் என்கிறோம். கலையகத்துக்கு இதனால் என்ன நன்மை?

முதலாவது, போகும் குரலும் வரும் குரலும் பிறப்பிலேயே இரண்டு தனித்தனி ஓட்டங்கள். நூறு ஆண்டுத் தராசுப் பிரச்சினை கலையகப் பக்கத்தில் இல்லாமலே போகிறது. இரண்டாவது, குரலின் அகலம். பழைய தொலைபேசி 300 முதல் 3400 ஹேர்ட்ஸ் வரையான ஒலியை மட்டுமே கடத்தும். 'ஸ' போன்ற எழுத்துகளின் உயிர் அதற்கு மேலேதான் இருக்கிறது. பேசுவது ஸாஹிராவா தாஹிராவா என்று ஃபோனில் நமக்குக் குழப்பம் வருவது இதனால்தான். ஜி.722 என்ற முறை 7000 ஹேர்ட்ஸ் வரை கடத்தும். 2012இல் தரப்படுத்தப்பட்ட ஒப்பஸ் மனிதக் காது கேட்கும் எல்லை வரை போகும். ஆனால் பாதை முழுவதும் அந்த முறையிலேயே இருந்தால்தான் இந்தப் பலன். நடுவில் ஓர் இடம் பழைய முறையாக இருந்தாலும் குரல் மீண்டும் ஒடுங்கிவிடும்.

சரி, ஒரு சின்னக் கலையகத்தில் இதை அமைக்க என்ன வேண்டும்? உரிமம் பெற்ற நிறுவனமொன்றிலிருந்து ஓர் எஸ்.ஐ.பீ. எண், ஓரளவு உறுதியான இணைய இணைப்பு, அழைப்பை ஏற்கும் ஒரு கணினி, அதற்கும் மிக்ஸருக்கும் இடையே ஒலியைக் கொண்டுபோகும் சவுண்ட் கார்ட். சாதாரண தரத்தில் ஓர் அழைப்புக்கு ஒவ்வொரு திசையிலும் வினாடிக்கு ஏறத்தாழ 80 கிலோபிட் போதும். இணைய வேகம் பெரிய தடையல்ல. வேகம் சீராக இருப்பதுதான் முக்கியம். யாராவது பக்கத்து அறையில் பெரிய வீடியோவை ஏற்றினால் குரல் துண்டு துண்டாகும். எனவே குரலுக்கு முன்னுரிமை கொடுக்கும்படி ரவுட்டரில் ஒழுங்கு செய்ய வேண்டும்.

எல்லாவற்றையும்விடப் பிள்ளைகள் தெரிந்திருக்க வேண்டியது மிக்ஸ் மைனஸ். நேயருக்குத் திருப்பி அனுப்பும் ஒலியில் அறிவிப்பாளர், விருந்தினர், பாட்டு எல்லாம் இருக்கலாம், அவருடைய சொந்தக் குரல் மட்டும் இருக்கக்கூடாது. வொய்ப்பில் குரல் போய்வரச் சிறிது நேரம் எடுக்கும். தன் குரலே சற்றுத் தாமதித்துக் காதில் விழுந்தால் நேயர் குழம்பிப்போவார். மிக்ஸரில் இருக்கும் ஓக்ஸ் வெளியீட்டைத் தனியாகப் பிரித்து, அதில் நேயரின் சத்தத்தை மட்டும் பூச்சியமாக வைத்தால் வேலை முடிந்தது. இரண்டு நேயர்கள் என்றால் இரண்டு வெளியீடுகள் வேண்டும்.

ஒரு பக்கக் குரல் மட்டும் கேட்பது அடிக்கடி வரும் தொல்லை. மணி அடிக்கும், எடுப்போம், நாம் பேசுவது போகும், அவர் பேசுவது வராது. அழைப்பை ஏற்படுத்தும் செய்தி ஒரு வழியிலும் குரல் வேறொரு வழியிலும் பயணிப்பதே காரணம். பெரும்பாலும் ரவுட்டர் முதலாவதை விட்டுவிட்டு இரண்டாவதை மறித்திருக்கும். முதலில் அங்கேதான் பார்க்க வேண்டும்.

புதியது வரும்போது பழையதிலிருந்த ஒரு நன்மை போய்விடுகிறது. செப்புக் கம்பித் தொலைபேசிக்கு மின்சாரமும் பரிமாற்ற நிலையத்திலிருந்தே, ஏறத்தாழ 48 வோல்ட்டாக, அதே கம்பியில் வரும். வீட்டில் மின்சாரம் போனாலும் ஃபோன் வேலை செய்யும். 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை நாம் யாரும் மறக்கவில்லை. ரவுட்டர் அணைந்தால் வொய்ப்பும் அணைந்துவிடும். வெள்ளம், புயல் என்று மக்களுக்கு வானொலி மிகவும் தேவைப்படும் நேரமும் அதுதான். பிரித்தானியாவில் பழைய தொலைபேசி வலையமைப்பை முற்றாக நிறுத்தும் திகதி 2027 ஜனவரி வரை தள்ளிப்போனதற்கும், தொலைபேசியையே நம்பியிருக்கும் முதியவர்கள், நோயாளிகள் பற்றிய கவலை ஒரு காரணம். ஆகவே கலையகத்துக்குப் பற்றரி ஏற்பாடும் மாற்று இணைய வழியும் ஆடம்பரமல்ல.

உறவுகளே, இந்த வரலாறு முழுவதும் ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப வருகிறது. அழைக்கிற சாதாரண மனிதரின் குரல் அறிவிப்பாளரின் குரலுக்குச் சமமாகக் கேட்கிறதா? தெளிவாகக் கேட்கும் குரலை மக்கள் நம்புவார்கள். கரகரத்து வெட்டுப்படும் குரலில் எவ்வளவு நியாயம் இருந்தாலும் காதில் ஏறாது. உரமில்லாமல் தவிக்கும் விவசாயி, தொழில் பாதிக்கப்பட்ட மீனவர், கட்டாரிலிருந்து பேசும் மகன், பாடசாலைக்கு ஆசிரியர் இல்லை என்று முறையிடும் தாய், இவர்களுக்கெல்லாம் கிடைப்பது இரண்டு நிமிடம்தான். அந்த இரண்டு நிமிடமும் விளங்காமல் போனால் அவர்கள் பேசியும் பேசாதவர்கள்தான்.

ஆகவே ஊரில் கலையகம் அமைக்கும் தம்பி தங்கைகளுக்குச் சொல்ல விரும்புவது இதுதான். அறிவிப்பாளருக்கு இரண்டாவது விலை உயர்ந்த மைக் வாங்குவதற்கு முன், நேயரின் குரல் உள்ளே வரும் வழியைச் சரிசெய்யுங்கள். ஒரு காலத்தில் பெரிய நிலையங்களுக்கே எட்டாதிருந்த வசதி இன்று உங்கள் மேசைக்கு வந்திருக்கிறது. நம் ஊர் மக்கள் பேசும்போது நாடு தெளிவாகக் கேட்கட்டும்.