உங்கள் தைரியம், எங்கள் வெற்றி: ஓர் அமைச்சின் சுவரொட்டிக் கதை

சிவப்புப் பின்னணி, மேலே ஒரு அரச முடி, அதன் கீழே வெள்ளை எழுத்தில் ஐந்து ஆங்கிலச் சொற்கள்: 'கீப் காம் அண்ட் கெரி ஒன்'. அமைதியாக இருங்கள், உங்கள் வேலையைத் தொடருங்கள் என்று அர்த்தம். ரீ சேட்டில், தேத்தண்ணிக் கோப்பையில், பிள்ளைகளின் பென்சில் பெட்டியில் எல்லாம் இதைக் கண்டிருப்பீர்கள். இரண்டாம் உலக யுத்தத்தில் குண்டு மழைக்கு நடுவே லண்டன் மக்களைத் தாங்கிப் பிடித்த வாசகம் இதுதான் என்று பலர் நினைக்கிறார்கள்.

அந்த மக்களில் பெரும்பாலானோர் அதைக் கண்டதே இல்லை. 1939இல் ஏறத்தாழ 25 இலட்சம் பிரதிகள் அச்சிடப்பட்டு, களஞ்சியத்தில் கிடந்து, பெரும்பகுதி திரும்பவும் கடதாசிக் கூழாகிப் போனது. 2000ஆம் ஆண்டில் வட இங்கிலாந்தின் அல்னிக் நகரில் ஒரு பழைய புத்தகக் கடைக்காரர், ஏலத்தில் வாங்கிய பெட்டியின் அடியில் ஒரு பிரதியைக் கண்டெடுத்த பிறகுதான் அது உலகப் புகழ் பெற்றது.

இவ்வளவு செலவழித்து அச்சிட்டதை ஏன் ஒட்டவில்லை? அதோடு கூடப் பிறந்த இன்னொரு சுவரொட்டி வெளியே போய்ப் பட்ட பாடுதான் முக்கிய காரணம். ஓர் அரச தகவல் காரியாலயம் மக்களிடம் எப்படிப் பேசக்கூடாது என்பதற்கும், பிறகு எப்படிப் பேசக் கற்றுக்கொண்டது என்பதற்கும் இதைவிட நல்ல உதாரணம் எங்களுக்குக் கிடைக்கவில்லை. கொஞ்சம் நீளம்தான். ஆறுதலாக வாசியுங்கள்.

1939 செப்டெம்பரில் யுத்தம் தொடங்கியவுடன் பிரித்தானியாவில் தகவல் அமைச்சு என்றொரு புதிய அமைச்சு உருவானது. லண்டன் பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸ் என்ற உயர்ந்த வெள்ளைக் கட்டடத்தில் குடியேறியது. கட்டடம் கம்பீரமானது, வேலைதான் தள்ளாடியது. செப்டெம்பர் 11ஆம் திகதி, பிரித்தானியப் படை பிரான்ஸ் போய்ச் சேர்ந்த செய்தியை வெளியிடப் பத்திரிகைகளுக்கு அனுமதி கொடுத்தார்கள். சில மணித்தியாலங்களில் அனுமதியைத் திரும்ப எடுத்தார்கள். அச்சாகிப் புறப்பட்ட பத்திரிகைகளைப் பிடிக்கப் பொலிஸை அனுப்பினார்கள். விடியுமுன்பே, சரி வெளியிடுங்கள் என்று மறுபடியும் சொன்னார்கள். அந்தச் செய்தியைப் பிரான்ஸ் வானொலி ஏற்கனவே அறிவித்திருந்தது என்பதுதான் இதில் வேடிக்கை.

இப்படி ஒரு காரியாலயம் மக்களுக்குத் தைரியம் சொல்ல முன்வந்தது. முதல் சுவரொட்டிகளில் ஒன்றின் வாசகத்தைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: உங்கள் தைரியம், உங்கள் உற்சாகம், உங்கள் உறுதி எங்களுக்கு வெற்றியைத் தேடித் தரும்.

இன்னொரு முறை வாசித்துப் பாருங்கள்.

தமிழ் படித்த எந்தப் பிள்ளையும் இதில் உள்ள குறையைப் பிடித்துவிடும். 'நாம்' என்றால் கேட்பவரும் உள்ளே. 'நாங்கள்' என்றால் கேட்பவர் வெளியே. 'நமக்கு' என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'எங்களுக்கு' என்று நின்றால் வாக்கியத்தின் முகமே மாறிவிடுகிறது. பேச்சிலே நாங்கள் 'எங்கட' என்ற ஒரே சொல்லுக்குள் எல்லோரையும் அடக்கிவிடுவோம், அது வேறு கதை. எழுத்தில் இந்த வேறுபாடு உயிரோடு இருக்கிறது. ஆங்கிலத்தில் அது இல்லை. 'அஸ்' என்ற ஒரே சொல்தான். எழுதிய அதிகாரி 'நமக்கு' என்று நினைத்துத்தான் எழுதியிருப்பார். ஆனால் சுவரில் வாசித்த தொழிலாளிக்கு 'எங்களுக்கு' என்றுதான் கேட்டது. கஷ்டம் உங்களுடையது, வெற்றி மேலே இருக்கிற எங்களுடையது.

இப்படி மக்கள் வாசித்தார்கள் என்பது எப்படித் தெரியும்? மாஸ் ஒப்சர்வேஷன் என்றொரு குழு, சாதாரண மக்கள் என்ன கதைக்கிறார்கள் என்று கேட்டுப் பதிவு செய்வதற்காகவே 1937இல் தொடங்கப்பட்டிருந்தது. அவர்கள் இந்தச் சுவரொட்டிகளைப் பற்றியும் வீதியில் விசாரித்தார்கள். பலர் கவனிக்கவே இல்லை. கவனித்தவர்களில் பலருக்கு எரிச்சல். டைம்ஸ் பத்திரிகையும் கடிந்து எழுதியது. மூன்றாவது சுவரொட்டி, அதாவது இன்று கோப்பையில் இருக்கிற அந்தச் சிவப்பு, கடுமையான குண்டுவீச்சு வரும்போது ஒட்டுவோம் என்று வைக்கப்பட்டிருந்தது. குண்டுவீச்சு வந்தபோது அதை வெளியே எடுக்க அமைச்சுக்கே மனம் வரவில்லை.

பாடம் உடனே விளங்கியது என்று நினைக்காதீர்கள். 1940 ஜூலையில், வதந்தி பேசுவோரை அடக்க ஒரு பிரசாரம் தொடங்கினார்கள். மௌன அணி என்று அதற்குப் பெயர். ஊரில் இருக்கக்கூடாத ஆட்கள் என்று சில கற்பனைப் பாத்திரங்களை உருவாக்கிப் பத்திரிகையில் போட்டார்கள். எல்லாம் தெரிந்தவர் ஒருவர், வாய் ஒழுகும் பெண் ஒருத்தி, தேத்தண்ணிக் கோப்பையோடு குசுகுசுப்பவள் ஒருத்தி. மனச்சோர்வாகக் கதைத்தார்கள் என்று உண்மையான மனிதர்கள் மீதே வழக்குகளும் போடப்பட்டன. ஹிட்லரை எதிர்த்துச் சண்டை பிடிப்பது சுதந்திரமாகக் கதைக்கத்தானே என்று மக்கள் கேட்டார்கள். அந்த மாதம் முடியுமுன்பே பிரதமர் சேர்ச்சில் அதைக் கைவிட்டார்.

அதே நாட்களில் அமைச்சு வீடு வீடாக ஆட்களை அனுப்பிக் கருத்துக் கேட்கவும் தொடங்கியிருந்தது. அப்போது அமைச்சராக இருந்தவர் டஃப் கூப்பர். பத்திரிகைகள் அந்த ஆட்களுக்குக் 'கூப்பரின் உளவாளிகள்' என்று பட்டம் சூட்டின. எங்களுக்கு இதில் ஆச்சரியமில்லை. ஒரு பக்கம் வாயை மூடு என்று சொல்லிக்கொண்டு மறுபக்கம் கதவைத் தட்டி, உன் அபிப்பிராயம் என்ன என்று கேட்டால் யார் நம்புவார்கள்?

ஆனால் அந்தக் கேட்கும் வேலைதான் கடைசியில் அமைச்சைக் காப்பாற்றியது. அதை நடத்தியவர் மேரி அடம்ஸ், பி.பி.சி.யில் தொலைக்காட்சித் தயாரிப்பாளராக இருந்தவர். 1940 மே 18 முதல் அவருடைய பிரிவு ஒவ்வொரு நாளும் ஓர் அறிக்கை தயாரித்தது. நாட்டின் எல்லாப் பிராந்தியங்களிலும் இருந்த தகவல் அதிகாரிகள், கடைக்காரர், வைத்தியர், பாதிரியார், தொழிற்சங்கக்காரர் போன்றவர்களோடு கதைத்துவிட்டுத் தொலைபேசியில் சொல்லுவார்கள். தபால் தணிக்கையில் பிரிக்கப்பட்ட கடிதங்களிலிருந்தும் செய்தி எடுத்தார்கள். இதை மறைக்க வேண்டியதில்லை, கேட்ட முறை எல்லாமே சுத்தமானது என்று நாங்கள் சொல்ல வரவில்லை.

கேட்டபோது தெரிய வந்தது என்ன? மக்களுக்குத் தைரியம் குறைவாக இல்லை, தகவல்தான் குறைவாக இருந்தது. வீடு இடிந்தவனுக்கு வீர வசனம் தேவைப்படவில்லை. இன்றிரவு எங்கே படுப்பது, தொலைந்த பங்கீட்டு அட்டைக்கு எங்கே போவது, குடிக்கிற தண்ணீரைக் கொதிக்க வைக்க வேண்டுமா என்பதுதான் அவன் கேள்வி. குண்டு விழுந்த நகரங்களுக்கு ஒலிபெருக்கி வண்டிகள் போய் இவற்றை அறிவித்தன. 1941 ஜூலையில் பிரெண்டன் பிராக்கன் அமைச்சரானார். அவர் காலத்தில் மக்களுக்கு உபதேசம் செய்வது குறைந்து, காரணத்தை விளக்கிச் சொல்வது கூடியது. மேரி அடம்ஸுக்குப் பின் அந்தப் பிரிவுக்கு வந்த வைத்தியர் ஸ்டீவன் டெய்லர், அந்த ஒக்டோபரில் ஒரு குறிப்பு எழுதினார். மக்களின் மனவுறுதி முதலில் சாப்பாடு, கதகதப்பு, வேலை, ஓய்வு, நித்திரை, பிள்ளைகளின் பாதுகாப்பு ஆகியவற்றில் நிற்கிறது. கஷ்டம் எல்லோருக்கும் சமமாகப் பங்கிடப்படுகிறது என்ற நம்பிக்கையும் வேண்டும் என்பது அதன் சாரம். ஒரு தகவல் காரியாலயத்தின் உள்ளேயிருந்து இப்படி எழுத ஒரு நேர்மை வேண்டும். சுவரொட்டியால் ஆகாத காரியம் இது என்று அவரே ஒப்புக்கொள்கிறார் அல்லவா?

பலன் கண்ட இடமும் உண்டு. டிப்தீரியா என்ற தொண்டைக்கரப்பன் அந்தக் காலத்தில் பிள்ளைகளைக் கொன்ற நோய். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1940இல் மட்டும் 2,400க்கு மேற்பட்ட மரணங்கள். ஊசி இருந்தது, தாய்மார் வரவில்லை. சுகாதார அமைச்சோடு சேர்ந்து பெரிய பிரசாரம் நடந்தது. அதோடு நிற்காமல், ஏன் போடவில்லை என்று தாய்மாரிடமே ஆய்வாளர்கள் போய்க் கேட்டார்கள். 1950இல் மரணங்கள் 50க்கும் கீழே போயின. தடுப்பூசி அட்டையோடு வகுப்பறைக்கு வரும் எம்.ஓ.எச். காரியாலயத்தாரை ஒவ்வொரு வருடமும் வரவேற்கிற எங்களுக்கு இந்த எண்ணிக்கை வெறும் எண்ணிக்கையாகப் படவில்லை.

இந்த அமைச்சுக்கும் இலங்கைக்கும் ஒரு சிறு தொடர்பு உண்டு. அமைச்சின் படங்களை எடுத்த திரைப்படப் பிரிவு, யுத்தத்துக்கு முன் பிரித்தானியத் தபால் திணைக்களத்தின் கீழ் இருந்தது. 1934இல் 'சோங் ஒஃப் சிலோன்' படத்தை முடித்ததும் அதே பிரிவுதான். பணம் கொடுத்தது இலங்கைத் தேயிலைப் பிரசார சபை, பின்னணிக் குரல் லயனல் வென்ட். அழகான படம். ஆனால் அந்தத் தேயிலையைப் பறித்தவர்கள் எதைத் தின்றார்கள், எங்கே படுத்தார்கள் என்று அதில் தேடாதீர்கள். 1948இல் எங்கள் அரசும் தனக்கென்று ஒரு திரைப்படப் பிரிவைத் தொடங்கியது.

இனி, மனதை உறுத்துகிற பகுதி.

1943 மார்ச் 3ஆம் திகதி இரவு, கிழக்கு லண்டனின் பெத்னல் கிரீன். அபாயச் சங்கு ஊதியதும் மக்கள் நிலக்கீழ் ரயில் நிலையத்துக்குள் இறங்கினார்கள். அருகிலுள்ள பூங்காவிலிருந்து புதுவகை விமான எதிர்ப்பு ரொக்கெட்டுகள் வெடித்த சத்தம் கேட்டு, குண்டுதான் விழுகிறது என்று பின்னால் வந்தவர்கள் நெருக்கினார்கள். படியில் போதிய வெளிச்சம் இல்லை, நடுவில் பிடிகம்பி இல்லை. கீழே ஒருவர் விழ, அவர்மேல் மற்றவர்கள் விழுந்தார்கள். 173 பேர் இறந்தார்கள், அதில் 62 பேர் பிள்ளைகள். அன்று அங்கே ஒரு குண்டும் விழவில்லை.

செய்தி வெளிவந்தபோது இடத்தின் பெயர் இல்லை. மூன்று வருடங்களாகக் கேட்கக் கற்றுக்கொண்டிருந்த அதே அரசு, தன் பிழை என்று வந்தவுடன் வாயை மூடிக்கொண்டது. அந்த மௌனத்தில் ஒரு வதந்தி வளர்ந்தது: யூதர்கள் பயந்துபோய் இடித்துத் தள்ளியதால்தான் இப்படி நடந்தது. நீதவான் லோரன்ஸ் டன் சில வாரங்களில் விசாரணையை முடித்து, அது அப்பட்டமான பொய் என்று எழுதிக் கொடுத்தார். அந்த அறிக்கை 1945 ஜனவரி வரை வெளியிடப்படவில்லை. குற்றமற்றவர்கள் என்று எழுதிய தாள் ஏறத்தாழ இரண்டு வருடங்கள் அலுமாரிக்குள் இருந்தது. வதந்தி வெளியே நடமாடியது.

இதை வாசிக்கும்போது உங்களுக்கு எது ஞாபகம் வந்திருக்கும் என்று எங்களுக்குத் தெரியும். 2018 பெப்ரவரி கடைசியில் அம்பாறையில் ஒரு உணவகத்தில் சாப்பாட்டில் கிடந்த மாவுக் கட்டியை 'மலட்டு மாத்திரை' என்றார்கள். அப்படி நிரந்தர மலடாக்கும் ஒரு மாத்திரை மருத்துவத்திலேயே இல்லை. அதைச் சொல்ல வேண்டியவர்கள் அந்த இரவில், சிங்களத்தில், உரத்துச் சொல்லவில்லை. கடை உடைந்தது, பள்ளிவாசல் தாக்கப்பட்டது. அது வெறும் மாவு என்று அரச இரசாயனப் பகுப்பாய்வாளரின் அறிக்கை மக்களுக்குத் தெரிய வந்தபோது திகனவும் எரிந்து முடிந்திருந்தது. திகன வேறொரு சம்பவத்தில் தொடங்கியது உண்மைதான். ஆனால் அந்த மாத்திரைக் கதை மறுக்கப்படாமல் சுற்றியதும் அதே நாட்களில்தான்.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. எங்கள் பகுதி அரச காரியாலயங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் புது இலச்சினை, புது நிறம், புது முகநூல் பக்கம் என்று மாறி வருகின்றன. நல்லது. அழுக்கான பெயர்ப்பலகையை விட அழகான பலகை நல்லதுதானே. ஆனால் பக்கத்தைத் திறந்தால் நாடா வெட்டும் படம், பொன்னாடை போர்த்தும் படம், வாழ்த்துச் செய்தி. பிறப்புச் சான்றிதழுக்கு என்னென்ன ஆவணம் வேண்டும், எந்த நாளில் எந்த உத்தியோகத்தர் இருப்பார் என்பது இல்லை. 1987இல் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழியானது. இருந்தும் டெங்கு அறிவித்தலும் வெள்ள அறிவித்தலும் தமிழில் வரும்போது சில வேளை வெள்ளம் வடிந்துவிடுகிறது. வந்தாலும், சொல்லுக்குச் சொல் மாற்றிய அந்தத் தமிழை ஒரு தடவை நாங்கள் வாசித்து, பிள்ளைகளுக்குத் திரும்ப விளங்கப்படுத்த வேண்டியிருக்கிறது. எங்கள் ஊரில் எந்த முக்கிய அறிவித்தலும் கடைசியில் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் முஅத்தின் வாயால் வந்தால்தான் வீட்டுக்குள் நுழைகிறது. ஒரு காரியாலயம் இதைப் பெருமையாக எடுத்துக்கொள்ள முடியாது.

இலச்சினை பற்றி அபிப்பிராயம் கேட்டால் எங்களில் சித்திரம் படிப்பிக்கிறவர்கள் சொல்லட்டும். நாங்கள் கேட்பது அதைவிட மலிவானது. கருமபீடத்தில் இருக்கும் உத்தியோகத்தரிடம் ஒரு கொப்பியைக் கொடுங்கள். இந்தக் கிழமை வந்தவர்கள் என்ன கேட்டார்கள், எதற்காக இரண்டு முறை அலைந்தார்கள், வெளியே என்ன கதை உலாவுகிறது என்று அவர் எழுதட்டும். அடுத்த கிழமை உங்கள் பக்கத்தில் அந்தக் கேள்விகளுக்கான பதில், தமிழிலும் சிங்களத்திலும், படம் எதுவும் இல்லாமல் வரட்டும். பிழை நடந்தால் அந்தப் பிழையும் வரட்டும்.

ஊர் மக்களிடமும் ஒன்று கேட்கிறோம். கடைசியாக ஓர் அரச காரியாலயத்துக்குப் போனபோது உங்களுக்குக் கிடைக்காமல் போன தகவல் என்ன? காரியாலயத்தின் பெயரோ உத்தியோகத்தரின் பெயரோ வேண்டாம், கேள்வியை மட்டும் கீழே எழுதுங்கள். இந்த மாதக் கடைசியில் தொகுத்து, பிரதி எடுத்து, நாங்களே கொண்டுபோய்க் கொடுக்கிறோம்.