கல்பாசிக்குள் எத்தனை பேர்?

செட்டிநாட்டுச் சமையலில் தாளிக்கும்போது பட்டை, சோம்போடு காய்ந்த சருகு மாதிரி ஒன்றைப் போடுவார்கள். கல்பாசி. பேர்தான் பாசி, உண்மையில் அது ஒரு லைக்கன். சரி, லைக்கன்னா என்ன? அறிவியல் இந்தக் கேள்வியோடு 150 வருஷமா மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறது.

19-ம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை லைக்கனை ஒரு தனித் தாவர வகையாகத்தான் வைத்திருந்தார்கள். 1867-ல் சுவிட்சர்லாந்தின் சிமோன் ஷ்வெண்டனர் அது ஒற்றை உயிரே இல்லை என்றார். பூஞ்சை எஜமான், அது பிடித்து வைத்திருக்கும் பாசி அடிமை என்பது அவர் சொன்ன விளக்கம். லைக்கன் நிபுணர்கள் கொதித்துப் போனார்கள். வாழ்நாள் முழுக்க லைக்கன்களுக்குப் பேர் வைத்து வகைப்படுத்திய வில்லியம் நைலாண்டர், 1899-ல் இறக்கும்வரை இதை ஏற்கவேயில்லை.

ஆனால் ஷ்வெண்டனர் பக்கம்தான் காற்று அடித்தது. ஜெர்மானியரான ஆன்டன் டி பாரி, வேறு வேறு உயிரினங்கள் சேர்ந்து வாழ்வதை 'சிம்பயோசிஸ்' என்று விவரித்து 1879-ல் ஒரு சிறு நூல் வெளியிட்டார். அதில் அவர் காட்டிய முக்கிய உதாரணம் லைக்கன். அதன்பிறகு "ஒரு பூஞ்சை + ஒரு பாசி = லைக்கன்" என்பது பாடப்புத்தகச் சூத்திரமாகிவிட்டது.

சூத்திரத்தில் ஒரு நெருடல் மட்டும் இருந்துகொண்டே இருந்தது. பூஞ்சையையும் பாசியையும் ஆய்வகத்தில் சேர்த்து வளர்த்தால், காட்டில் பார்க்கிற முழு வடிவம் பெரும்பாலும் வருவதில்லை.

இப்போ வட அமெரிக்காவின் மேற்குப் பகுதிக்குப் போவோம். அங்கே மரங்களில் தாடி மாதிரி தொங்கும் இரண்டு லைக்கன்கள் உண்டு. பழுப்பு நிற பிரையோரியா ஃப்ரீமாண்டியை அந்த மண்ணின் பழங்குடி மக்கள் குழியடுப்பில் வேகவைத்துச் சாப்பிட்டார்கள். மஞ்சள் சாயல் கொண்ட பிரையோரியா டார்ச்சுவோசாவில் வல்பினிக் அமிலம் என்ற நஞ்சு அதிகம். ஆனால் மரபணுக்களை ஒப்பிட்டால் இரண்டிலும் அதே பூஞ்சை, அதே பாசி! அப்போ நஞ்சில் மட்டும் ஏன் இவ்வளவு வித்தியாசம்?

மொன்டானா பல்கலைக்கழகத்தில் ஜான் மெக்கட்சனின் ஆய்வகத்தில் இருந்த டோபி ஸ்பிரிபில், இரண்டிலும் எந்த மரபணுக்கள் வேலை செய்கின்றன என்று பார்க்க ஆர்என்ஏ-வை வரிசைப்படுத்தினார். தெரிந்த பூஞ்சை, தெரிந்த பாசி இரண்டின் மரபணுக்களை மட்டும் ஒப்பிட்டபோது எதுவும் சிக்கவில்லை. தேடலைப் பூஞ்சைகள் அனைத்துக்கும் விரித்ததும் மூன்றாவது ஆள் வெளியே வந்தது: முற்றிலும் வேறு பூஞ்சைப் பிரிவைச் சேர்ந்த ஒரு ஈஸ்ட். மஞ்சள் லைக்கனில் அது அதிகம். ஒளிரும் சாயம் ஏற்றிப் பார்த்தால், லைக்கனின் வெளித்தோலுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. 2016-ல் 'சயன்ஸ்' இதழில் வந்த அந்தக் கட்டுரை, 52 லைக்கன் பேரினங்களில் இத்தகைய ஈஸ்ட்கள் இருப்பதைக் காட்டியது.

இதில் கவனிக்க வேண்டியது, ஈஸ்டின் ஆர்என்ஏ முதலிலிருந்தே அந்தத் தரவுக்குள் இருந்தது என்பதுதான். இரண்டு பேர்தான் என்று முடிவுகட்டிவிட்டுத் தேடியதால் மூன்றாவது ஆள் வடிகட்டியிலேயே கழிந்துபோனது. இயந்திரம் எல்லா எழுத்தையும் படித்துக் கொடுத்துவிடும், ஆனால் எதைக் குப்பை என்று ஒதுக்குவது என்பதை நாம்தான் தீர்மானிக்கிறோம்.

உடனே "ஒரு பூஞ்சை + ஒரு பாசி + ஒரு ஈஸ்ட்" என்று புதுச் சூத்திரம் எழுதிவிடவும் முடியாது. 2019-ல் 339 லைக்கன் இனங்களை அலசிய இன்னொரு ஆய்வில், இந்த வகை ஈஸ்ட் சிலவற்றில் மட்டுமே தென்பட்டது. தவிர, ஈஸ்ட் அதிகமுள்ள இடத்தில் நஞ்சும் அதிகம் என்பதால் ஈஸ்ட்தான் நஞ்சைச் செய்கிறது என்று ஆகிவிடாது.

பேர் வைக்கும் விதிமுறைப்படி, ஒரு லைக்கனின் அறிவியல் பேர் அதிலுள்ள பிரதான பூஞ்சைக்கு மட்டுமே சொந்தம். அந்தக் கணக்கில் இந்த இரண்டு பிரையோரியாவும் ஒன்றேதான். பசியோடு காட்டுக்குள் போகிறவரிடம் அப்படிச் சொல்லிவிட முடியுமா?